வேகத் துப்பாக்கி காட்டிய 81 என்னுடையதா?

கேள்வி: சேலத்தில் கார் ஓட்டுகிறேன். அதிவேகம் என்று இ-சலான் வந்திருக்கிறது. போலீசார் வேகத்தை அளந்த விதமே தவறு என்று சொல்லி எதிர்க்க முடியுமா? அப்படி எதிர்த்தவர்கள் யாராவது இங்கே இருக்கிறீர்களா?

முடியும். நான் எதிர்த்தேன், வழக்கு எனக்குச் சாதகமாக முடிந்தது. ஆனால் நான் எதை நம்பி நீதிமன்றம் போனேனோ அது கைகொடுக்கவில்லை, வேறொன்றுதான் கைகொடுத்தது. அதனால் கொஞ்சம் விரிவாகவே எழுதுகிறேன்.

செவ்வாய்ப்பேட்டையில் எனக்கு வெள்ளிக் கொலுசு வியாபாரம். ஒரு சனிக்கிழமை காலை வாழப்பாடிக்குப் போய்க்கொண்டிருந்தேன். ஓர் ஊர்ப் பிரிவுக்கு முன்னால் 60 என்று பலகை இருக்கும். அந்த இடத்தில் நான் எப்போதும் வேகத்தைக் குறைத்துவிடுவேன், பள்ளிப் பிள்ளைகள் சாலையைக் கடக்கும் இடம் அது. அன்றும் குறைத்தேன். இடப்பக்கத் தடத்தில் நான் போக, ஒரு தனியார் பேருந்து ஒலிப்பானை அழுத்திக்கொண்டே வலப்பக்கம் ஏறி என்னைத் தாண்டியது. நான்கு நாள் கழித்துக் கைப்பேசிக்குச் செய்தி வந்தது: என் கார், வேகம் 81, அபராதம் 1,000 ரூபாய்.

ஆயிரம் ரூபாயைக் கட்டிவிட்டு வேலையைப் பார் என்று வீட்டில் சொன்னார்கள். எனக்கு மனம் ஒப்பவில்லை. என் கடையில் இருக்கும் மின்னணுத் தராசுக்கு ஆண்டுதோறும் முத்திரை வாங்க வேண்டும். முத்திரை இல்லாத தராசில் ஒரு கிராம் நிறுத்தாலும் குற்றம். அப்படியானால் என் மீது குற்றம் சுமத்தும் கருவிக்கும் ஒரு முத்திரை இருக்க வேண்டும் அல்லவா? அதைத் தேடித்தான் முதலில் கிளம்பினேன்.

தேடியபோது தெரிந்தது, சட்டம் இதை நன்றாகவே யோசித்து வைத்திருக்கிறது. மோட்டார் வாகனச் சட்டம் 1988-இன் 183-ஆம் பிரிவுதான் அதிவேகத்துக்கானது. கார் போன்ற இலகு ரக வாகனத்துக்கு 1,000 முதல் 2,000 ரூபாய் வரை அபராதம் என்கிறது. அதே பிரிவின் மூன்றாம் உட்பிரிவைப் பலரும் படிப்பதில்லை. வேகமாகப் போனதாகத் தனக்குத் தோன்றியது என்று ஒரே ஒரு சாட்சி சொல்வதை மட்டும் வைத்து ஒருவரைத் தண்டிக்கக் கூடாது, அந்த மதிப்பீடு ஒரு கருவியால் அளந்து பெற்றதாக இருக்க வேண்டும் என்பது அதன் சாரம். ஆகவே ஒரு காவலர் சாலையோரம் நின்று கண்ணால் பார்த்து எழுதியது மட்டுமே என்றால், உங்கள் வாதம் ஆரம்பத்திலேயே வலுவானது.

கருவியால் அளந்தது என்றால் 167ஏ விதியைப் பாருங்கள். மத்திய மோட்டார் வாகன விதிகளில் 2021-இல் சேர்த்தது. கருவிக்கு மாநில அரசு குறித்த அதிகாரியின் ஒப்புதல் சான்று வேண்டும், அதை ஆண்டுதோறும் புதுப்பிக்க வேண்டும். கண்காணிப்பு இருப்பதாக அறிவிப்புப் பலகை வேண்டும். குற்றம் நடந்த 15 நாளுக்குள் அறிவிப்பு அனுப்ப வேண்டும். வண்டியைக் குறிவைத்து வேகத்தை அளக்கும் வேகத் துப்பாக்கியும் இதில் அடங்கும். ரேடார் கருவியாக இருந்தால் இன்னொன்றும் கேட்கலாம்: 2025 ஜூலை 1 முதல் அவற்றுக்கும் எடையளவுச் சட்டத்தின் கீழ் சரிபார்ப்பும் முத்திரையும் உண்டு. என் தராசுக்கு உள்ள அதே சட்டம். அதைப் படித்தபோது உண்மையிலேயே மகிழ்ந்தேன்.

தகவல் அறியும் உரிமைச் சட்டத்தில், பத்து ரூபாய் நீதிமன்ற வில்லை ஒட்டி, சான்றின் நகலைக் கேட்டேன். பதில் ஒரு மாதத்துக்குள் வந்தது. சான்று செல்லுபடியாகும் நிலையில்தான் இருந்தது. கருவி சரி. நான் சோர்ந்துபோனேன்.

பிறகுதான் சலானோடு வந்த படத்தை ஒழுங்காகப் பார்த்தேன். அதை ஏ3 தாளில் அச்சடித்து வாங்கி, கொலுசின் பற்றவைப்பைப் பார்க்கும் பூதக்கண்ணாடியை அதன் மேல் வைத்தேன். கீழே சிறிய எழுத்தில் தேதி, நேரம், வேகம் 81, தூரம் 240 மீட்டர். படத்தில் என் காரின் எண் தெளிவாக இருக்கிறது. அதற்குச் சற்றுப் பின்னால், வலப்பக்கம், பேருந்தின் முகம் முழுதாகத் தெரிகிறது. குறி பார்க்கும் சிலுவைக் கோடு என் கார் மேலேயே இல்லை. என் வலப்பக்கக் கண்ணாடிக்கு மேலே, பேருந்தின் முன்பக்கக் கம்பி வலையில் விழுந்திருந்தது.

அன்று அளந்தது லேசர் வகை வேகத் துப்பாக்கி. அது வேலை செய்யும் விதம் இதுதான். ஒளித் துடிப்புகளை அனுப்பி, அவை பட்டுத் திரும்பும் நேரத்தைக் கொண்டு தூரத்தை அளக்கிறது. அரை நொடிக்கும் குறைவான நேரத்தில் இதைப் பலமுறை செய்து, தூரம் எவ்வளவு குறைந்தது என்பதிலிருந்து வேகத்தைக் கணக்கிடுகிறது. கற்றை மெல்லியது, ஆனால் ஊசி முனை அல்ல. வழக்கமான கருவியில் 1,000 மீட்டருக்குச் சுமார் 3 மீட்டர் என்ற கணக்கில் விரியும். 240 மீட்டரில் முக்கால் மீட்டருக்குச் சற்றுக் குறைவான அகலம். அந்த வட்டம் பேருந்தின் மேல் விழுந்தால் அது சொல்வது பேருந்தின் வேகத்தை. எண்ணை மட்டும் என் காரிலிருந்து எடுத்துக்கொண்டார்கள். தராசின் முத்திரை சரிதான், தட்டில் இருந்தது வேறொருவர் பொருள்.

பணம் கட்டவில்லை. கட்டினால் குற்றத்தை ஒப்புக்கொண்டதாக முடிந்துவிடும். சலான் இணையவழி நீதிமன்றத்துக்குப் போனதும், எதிர்க்க விரும்புகிறேன் என்பதைத் தேர்ந்தெடுத்தேன். வழக்கு நம் ஊர் நடுவர் நீதிமன்றத்துக்கு மாறியது. மூன்று வாய்தா, மூன்று நாள் கடை அடைப்பு. வழக்கறிஞர் வைக்கவில்லை. மூன்றாவது வாய்தாவில் படத்தைக் கொடுத்தேன்.

"கருவி பழுது என்கிறீர்களா?" என்று நடுவர் கேட்டார்.

"இல்லை, ஐயா. கருவி சரி. அது அளந்தது என் வண்டியை அல்ல."

அவர் படத்தை ஜன்னல் பக்கம் திருப்பிப் பார்த்தார். கருவியை இயக்கிய உதவி ஆய்வாளரிடம் காட்டி, குறி எதன் மேல் இருக்கிறது என்று கேட்டார். "பேருந்து மேல், ஐயா" என்று அவர் மறைக்காமல் சொன்னார். அந்த மனிதர் மீது எனக்கு மரியாதை உண்டு. அன்றே விடுதலை.

இணையத்தில் பரவும் சில யோசனைகளை நம்பிப் போகாதீர்கள். கருவியைப் பக்கவாட்டுக் கோணத்தில் பிடித்தார்கள், அதனால் வேகம் கூடிவிட்டது என்று வாதாடச் சொல்வார்கள். நடப்பது தலைகீழ். நின்ற இடத்திலிருந்து கோணமாக அளந்தால் வேகம் குறைவாகத்தான் காட்டும். 20 பாகைக் கோணத்தில் 80 என்பது 75 ஆகத் தெரியும். அந்த வாதம் உங்களுக்கே எதிரானது. சுங்கச்சாவடி நேரத்தைக் காட்டுவதும் பயன்படாது. இரண்டு சாவடிக்கு இடையிலான சராசரி, அந்த ஒரு நொடியின் வேகத்தைச் சொல்லாது. காருக்குள் ஜி.பி.எஸ். பதிவுடன் கேமரா இருந்தால் அது நல்ல சான்று.

இன்னொன்றையும் மனதாரச் சொல்கிறேன். நீங்கள் உண்மையில் 81-இல் போயிருந்தால் கட்டிவிடுங்கள். ஏற்காடு மலையின் இருபது கொண்டை ஊசி வளைவுகளிலும் பலமுறை ஏறி இறங்கியவன் நான். எதிரே வேகத்தைக் குறைக்காமல் வரும் வண்டியைப் பார்க்கும்போது, யாராவது இவர்களை அளந்து நிறுத்த மாட்டார்களா என்று ஏங்கியிருக்கிறேன். அளவை வேண்டும். அது சரியான ஆள் மேல் விழ வேண்டும்.

இன்றே சலான் படத்தைத் தரவிறக்கி வைத்துக்கொள்ளுங்கள். அதில் தூரம் எவ்வளவு, குறி எங்கே விழுந்திருக்கிறது, பக்கத்தில் வேறு வண்டி இருக்கிறதா என்று இங்கே எழுதுங்கள். வண்டி எண்ணை மறைத்துவிட்டுப் படத்தையும் போட்டால் பார்த்துச் சொல்கிறேன்.