எச்-இண்டெக்ஸ் 14 என்றால் சின்ன டாக்டரா?

அம்மாவின் சொரியாசிஸுக்காக வேலூர் வரப்போகிறீர்கள். ஆராய்ச்சிக் கட்டுரைகளைத் தேடும் கூகுள் ஸ்காலர் தளத்தில் ஒரு தோல் மருத்துவருக்கு எச்-இண்டெக்ஸ் 14, இன்னொருவருக்கு 40 என்று இருக்கிறது, யாரிடம் போவது என்று கேட்டிருக்கிறீர்கள்.

முதலில் அந்த எண். 2005-இல் ஹிர்ஷ் என்ற இயற்பியலாளர் சொன்ன கணக்கு அது. ஒருவரின் ஐந்து கட்டுரைகளை மற்றவர்கள் 90, 20, 6, 4, 3 தடவை மேற்கோள் காட்டியிருந்தால் அவருடைய எச்-இண்டெக்ஸ் 4. குறைந்தது 4 மேற்கோள் வாங்கிய கட்டுரைகள் நாலு இருக்கின்றன, அவ்வளவுதான். அந்த 90 நாளைக்கு 900 ஆனாலும் இது நாலுதான்!

அப்புறம், துறையைப் பொறுத்தும் மாறும். சொரியாசிஸ் பற்றி உலகம் முழுக்க எழுதுகிறார்கள், மேற்கோள் குவிகிறது. தொழுநோய் பற்றி எழுதுகிறவர்கள் கொஞ்சம் பேர். வேலூர் பக்கத்தில் கரிகிரியில் 1955 முதல் தொழுநோய்க்கென்றே ஆராய்ச்சி மையம் இருக்கிறது. அங்கே ஆயுளெல்லாம் உழைத்தவருக்கும் எண் சிறியதாக இருக்கலாம். இன்னொரு பக்கம், தோல் நோய் ஒருவரின் அன்றாட வாழ்க்கையை எவ்வளவு பாதிக்கிறது என்று அளக்க, டிஎல்கியூஐ என்று பத்தே கேள்விகள் கொண்ட படிவம் ஒன்று 1994-இல் ஒரு கட்டுரையில் வந்தது. அதைப் பயன்படுத்துகிற ஆய்வுகளெல்லாம் அந்தக் கட்டுரையை மேற்கோள் காட்டுவதால் மேற்கோள் மலையாகிவிட்டது.

வயதும் சேரும். எண் ஏறுமே தவிர இறங்காது.

காட்பாடியில் இறங்குமுன் ஒன்று செய்யுங்கள்: அந்த 14-காரரின் கட்டுரைத் தலைப்புகளில் சொரியாசிஸ் எத்தனை என்று எண்ணிப் பாருங்கள். நானாக இருந்தால் அதைத்தான் பார்ப்பேன்.