மருதாணி போட்டால் நரை ஏன் ஆரஞ்சாகிறது, முடி ஏன் வறள்கிறது?

கேள்வி: எனக்கு வயது 46. நெற்றியோரத்திலும் வகிட்டிலும் நரை. மாதம் ஒருமுறை மருதாணிப் பொடியில் முட்டை, தயிர், எலுமிச்சைச் சாறு, டீ டிகாக்‌ஷன், விளக்கெண்ணெய் எல்லாம் கலந்து, இரும்புச் சட்டியில் இரவெல்லாம் ஊறவைத்து, தலை முழுக்கப் போடுகிறேன். நரை ஆரஞ்சாகத்தான் நிற்கிறது. முடி நுனி வைக்கோல் மாதிரி ஆகிவிட்டது. போன மாதம் ‘கருப்பு மருதாணி’ என்று ஒரு பாக்கெட் வாங்கிப் போட்டேன். நன்றாகக் கருத்தது. ஆனால் மறுநாள் நெற்றியோரமும் காது மடலும் அரித்துத் தடித்துவிட்டன. தை மாதம் வீட்டில் கல்யாணம் இருக்கிறது. மருதாணியைக் கொண்டு கருப்பு வரவழைக்க முடியுமா? அது முடிக்கு நல்ல கண்டிஷனர் என்கிறார்களே, உண்மையா? பத்து வயது மகளும் தனக்குப் போடச் சொல்கிறாள். போடலாமா?

பதில்: நிறத்தைப் பற்றிப் பிறகு பேசுவோம். முதலில் அந்த அரிப்பு.

மருதாணி இலைக்குக் கருப்பு நிறம் தரும் சக்தி கிடையாது. அரை மணி, முக்கால் மணி நேரத்தில் நரையைக் கருப்பாக்கும் பொடியில் வேலை செய்வது பெரும்பாலும் பாரா பினைலீன் டையமின் என்ற ரசாயனச் சாயம்தான். சுருக்கமாகப் பிபிடி என்பார்கள். பாக்கெட்டின் முன்பக்கம் இலைப் படம் இருக்கும். பின்பக்கம் பொடி எழுத்தில் பிபிடியும் பேரியம் பெராக்சைடும் இருக்கும். சாயம் போட்டு ஒன்றிரண்டு நாளில் நெற்றியோரம், காது, பின்கழுத்து, கண்ணிமை ஆகிய இடங்கள் அரித்துத் தடிப்பது பிபிடி ஒவ்வாமைக்கே உரிய அடையாளம். உங்களுக்கு வந்திருப்பது அதுவாக இருக்க வாய்ப்பு அதிகம். தோல் மருத்துவரிடம் பேட்ச் டெஸ்ட் செய்து உறுதிப்படுத்திக்கொள்ளுங்கள். அதுவரை அந்தப் பொடியும் வேண்டாம், வேறு கம்பெனியின் கருப்புச் சாயமும் வேண்டாம்.

இந்த ஒவ்வாமை ஒருமுறை உடம்பில் படிந்துவிட்டால் பெரும்பாலும் போகாது. அடுத்த முறை இன்னும் வேகமாக வரும். முகம் வீங்கிக் கண் மூடிப்போகும் அளவுக்குப் போனவர்களும் உண்டு. பிபிடி ஒத்துக்கொள்ளாத சிலருக்கு அதே இனத்தைச் சேர்ந்த மரத்துப்போகும் மருந்துகளும் துணிச் சாயங்களும்கூட ஒத்துக்கொள்வதில்லை. அதனால் இனி எந்த மருத்துவரிடம் போனாலும், பல் பிடுங்கப் போனாலும்கூட, இதைச் சொல்லிவிடுங்கள்.

கடையிலேயே கண்டுகொள்ள ஒரு வழி இருக்கிறது. பிபிடி போன்ற சாயம் கலந்த தலைச்சாயங்களின் உறையில் ‘சிலருக்குத் தோல் எரிச்சல் உண்டாக்கலாம், முன்கூட்டியே சோதித்துப் பார்க்கவும், புருவத்துக்கும் இமைக்கும் பயன்படுத்தக் கூடாது’ என்ற பொருளில் எச்சரிக்கை அச்சிட்டிருக்க வேண்டும் என்பது இந்திய அழகுப்பொருள் விதி. அந்த எச்சரிக்கை இருந்தால், இலைப் படம் எத்தனை பச்சையாக இருந்தாலும் அது சாயப்பொடிதான். வெறும் மருதாணி என்றால் சேர்மானப் பட்டியலில் லாசோனியா இனெர்மிஸ் என்ற ஒரே பெயர்தான் இருக்க வேண்டும். சோடியம் பிக்ரமேட் என்று கண்டாலும் வைத்துவிடுங்கள். அது சிவப்பைத் தூக்கிக் காட்டச் சேர்க்கும் செயற்கைச் சாயம். நல்ல பொடி பச்சையாக இருக்கும், வைக்கோல் வாசம் அடிக்கும். தண்ணீர் பட்டதும் பளீரென்று சிவப்பு ஓடினால் சந்தேகப்படுங்கள். இலையின் நிறம் அவ்வளவு அவசரமாக வெளியே வராது.

இனி உங்கள் ஆரஞ்சு நரைக்கு வருவோம். மருதாணி இலையில் நிறம் தரும் பொருளின் பெயர் லாசோன். காய்ந்த இலையில் நூற்றுக்கு ஒன்று, ஒன்றரை பங்குதான் அது இருக்கிறது. முடி என்பது கெரட்டின் என்ற புரதம். லாசோன் அந்தப் புரதத்தோடு பிணைந்துகொள்கிறது. அதனால்தான் மருதாணி நிறம் குளித்தால் போவதில்லை. ஆனால் அது இருக்கும் நிறத்தை வெளுக்காது, மேலே ஒரு செம்மையை மட்டும் ஏற்றும். கருப்பு முடியில் அந்தச் செம்மை வெயிலில் நின்றால்தான் தெரியும். நிறமே இல்லாத நரையில் அப்படியே ஆரஞ்சாகத் தெரியும். ஆக, வெறும் மருதாணியை எத்தனை முறை போட்டாலும் கருப்பு வராது. அடர்ந்த செம்பழுப்பு வரை போகலாம், அவ்வளவே.

உங்கள் கலவை அந்தச் செம்பழுப்புக்குக்கூடப் போகவிடவில்லை. முட்டையும் தயிரும் புரதம். லாசோனுக்கு உங்கள் முடிப் புரதம், முட்டைப் புரதம் என்ற பேதம் கிடையாது. கிண்ணத்திலேயே கிடைத்ததைப் பிடித்துக்கொள்ளும். முடிக்கு வரவேண்டிய நிறத்தில் ஒரு பங்கு அங்கேயே செலவாகிறது. விளக்கெண்ணெய் முடியின் மேல் படலமாக நின்று மிச்ச நிறத்தையும் தடுக்கிறது. முட்டையும் தயிரும் எண்ணெயும் முடியை மிருதுவாக்கச் சேர்ப்பவை. மருதாணி நிறத்துக்குப் போடுவது. இரண்டையும் ஒரே கிண்ணத்தில் குழைத்தால் இரண்டும் அரைகுறையாகத்தான் முடியும். எனக்கு வரும் மருதாணிப் புகார்களில் பாதிக்கும் மேல் இந்தக் கிண்ணத்தில் தொடங்குபவை.

இரும்புச் சட்டியைப் பற்றிப் பலருக்கும் நம்பிக்கை அதிகம். இலையிலும் டீயிலும் உள்ள துவர்ப்புப் பொருள் இரும்போடு சேர்ந்து விழுதைக் கருப்பாக்குவது உண்மை. விழுது கருத்த அளவுக்கு முடி கருக்காது. நிறம் சற்று மங்கலான பழுப்பாகும், அதற்கு மேல் இல்லை. துருப்பிடித்த சட்டி வேண்டவே வேண்டாம். பின்னால் பார்லரில் பிளீச்சோ ரசாயனச் சாயமோ போட்டால் முடியில் தங்கிய உலோகம் தொல்லை தரும். கண்ணாடிக் கிண்ணமோ எவர்சில்வர் பாத்திரமோ போதும்.

நிறத்துக்கு மட்டும் என்று கலக்கும்போது இப்படிச் செய்யுங்கள். தோள் வரை உள்ள முடிக்கு 100 கிராம் பொடி. ஆறவைத்த டீ டிகாக்‌ஷனோ வெதுவெதுப்பான தண்ணீரோ 300 மில்லி அளவில், கொஞ்சம் கொஞ்சமாக ஊற்றி இட்லி மாவுப் பதத்துக்குக் கொண்டுவாருங்கள். புளிப்பு கொஞ்சம் வேண்டும். இலையில் கட்டுண்டு கிடக்கும் நிறப்பொருளை விடுவிப்பது அந்தப் புளிப்பும் தண்ணீரும்தான். அதற்கு ஒரு ஸ்பூன் எலுமிச்சைச் சாறு போதும். நாலு பழத்தைப் பிழிந்தால் உச்சந்தலை எரியும், முடி வறளும். என்னைக் கேட்டால் எலுமிச்சையைவிட நெல்லிக்காய்ப் பொடி மேல். இரண்டு மூன்று ஸ்பூன் சேர்த்தால் ஆரஞ்சின் கூச்சல் அடங்கிப் பழுப்புப் பக்கம் திரும்பும்.

இரவெல்லாம் ஊறவைப்பது குளிர்ப் பிரதேசத்துக்குப் பொருந்தும். நம் ஊர்ச் சூட்டில் மூன்று, நாலு மணி நேரத்தில் நிறம் வெளிவந்துவிடும். மேலும் வைத்தால் வந்த நிறம் வீரியம் இழக்கத் தொடங்கும். மேல்பரப்பு பழுப்பாகி உள்ளே பச்சையாக இருந்தால் சரியான தருணம். சந்தேகம் இருந்தால் உள்ளங்கையில் ஒரு பொட்டு வைத்து ஐந்து நிமிடம் கழித்துத் துடைத்துப் பாருங்கள். ஆரஞ்சுக் கறை விழுந்தால் தயார்.

முதல் நாளே ஷாம்பு போட்டு எண்ணெய்ப் பிசுக்கு இல்லாமல் அலசிவிடுங்கள், மருதாணிக்கு முன் எண்ணெய் வேண்டாம். முதலில் நெற்றியோரத்திலும் காதோரத்திலும் தடவுங்கள். அங்கே இருக்கும் நரை முரடு, நிறம் பிடிக்க நேரம் எடுக்கும். பிளாஸ்டிக் தொப்பியால் மூடி இரண்டரை, மூன்று மணி நேரம் இருக்கட்டும். விழுது காய்ந்து உதிர்ந்தால் அதோடு வேலையும் நின்றுபோகும். பிறகு வெறும் தண்ணீரில் அலசுங்கள். அன்றைக்கு நரை பளபளவென்று ஆரஞ்சாக இருக்கும், பயப்படாதீர்கள். காற்று பட்டு இரண்டு மூன்று நாளில் அது அடர்ந்துகொண்டே போகும். அதுவரை ஷாம்பு, சீயக்காய் எதுவும் வேண்டாம்.

கருப்புக்குப் பக்கத்தில் போக வேண்டுமென்றால் அவுரி வேண்டும். நீலச் சாயம் எடுக்கும் அதே செடி. திண்டிவனம் பக்கம் இன்றும் பயிராகிறது. நாட்டு மருந்துக் கடையில் கேட்கும்போது நீலி அவுரி இலைப் பொடி என்று விளக்கமாகக் கேளுங்கள். பச்சை நிறம் மாறாத புதுப் பொடியாக இருக்க வேண்டும். பழையது எவ்வளவு போட்டாலும் பிடிக்காது. மருதாணி அலசிய பிறகு, அன்றோ மறுநாளோ, ஈர முடியில் இதைத் தடவ வேண்டும். சிவப்பின் மேல் நீலம் ஏறும்போதுதான் கண்ணுக்குக் கருப்பு. நேராக நரையில் அவுரியைப் போட்டுவிட்டு முடி நீலப் பச்சையாகிவிட்டது என்று எழுதுகிறவர்கள் இந்த வரிசையைத் தவறவிட்டவர்கள்.

அவுரியின் குணம் மருதாணிக்கு நேர் எதிர். புளிப்பு ஆகாது, டீ ஆகாது, கொதிநீர் ஆகாது, ஊறவும் விடக்கூடாது. இலையில் உள்ள நொதிதான் நிறத்தை விடுவிக்கிறது. கொதிநீர் அதைக் கொன்றுவிடும். வெதுவெதுப்பான தண்ணீரும் அரை ஸ்பூன் உப்பும் போட்டுக் கரைத்து, பத்துப் பதினைந்து நிமிடத்தில் மேலே நீலம் பூக்கும்போதே தடவிவிட வேண்டும். ஒரு மணி முதல் இரண்டு மணி நேரம் விட்டு வெறும் தண்ணீரில் அலசுங்கள். முதல் நாள் லேசான பச்சைச் சாயை தெரியலாம், ஓரிரு நாளில் கருத்துவிடும். கருப்பே வேண்டாம், காப்பிக்கொட்டைப் பழுப்பு போதும் என்றால், ஊறிய மருதாணி விழுதும் அப்போதுதான் கரைத்த அவுரியும் சம அளவில் கலந்து ஒரே தடவையில் போடலாம். 46 வயது முகத்துக்கு மையிருட்டுக் கருப்பைவிட இந்தப் பழுப்புதான் இயல்பாக இருக்கும் என்பது என் அபிப்பிராயம்.

கண்டிஷனர் விஷயத்துக்கு வருகிறேன். உண்மைதான், ஆனால் நீங்கள் நினைக்கும் வகையில் இல்லை. லாசோன் முடியின் வெளிச் செதிலில் படிந்து அதைக் கொஞ்சம் தடிமனாக்குகிறது. மெல்லிய முடிக்குப் புஷ்டியும் மினுமினுப்பும் கிடைக்கும். வேரை வளர்ப்பது, உதிர்வை நிறுத்துவது, நரையைத் திருப்புவது எல்லாம் அதனால் ஆகாது. அதே படிவு அளவு மீறினால் முடி விறைக்கும். மாதாமாதம் வேர் முதல் நுனி வரை பூசியதால் உங்கள் நுனிமுடியில் பழைய படிவின் மேல் படிவு ஏறியிருக்கிறது. இலையின் துவர்ப்பும் எலுமிச்சையும் சேர்ந்து ஈரப்பசையை வாங்கியிருக்கின்றன. முடி மாதத்துக்கு ஏறக்குறைய ஒரு சென்டிமீட்டர்தான் வளர்கிறது. ஐந்து ஆறு வாரத்துக்கு ஒருமுறை அந்தப் புது வேர்ப் பகுதிக்கு மட்டும் போடுங்கள், நுனியை விட்டுவிடுங்கள்.

நுனிக்கு இப்போது வேண்டியது வேறு வைத்தியம். செம்பருத்தி இலையைத் தண்ணீரில் கசக்கினால் வரும் வழுவழுப்பான சாற்றை வடிகட்டி இருபது நிமிடம் பூசி அலசுங்கள். ஊறிய வெந்தய விழுதும் ஆகும். கடைக் கண்டிஷனரிலும் தப்பில்லை. நிறம் பிடித்தபின் தேங்காயெண்ணெய் தாராளமாக வைக்கலாம். வைக்கோலாக வெளுத்துப்போன கடைசி இரண்டங்குலத்தை வெட்டிவிடுவது எல்லாவற்றையும்விட நல்லது.

தலையில் ஈர விழுது மணிக்கணக்கில் இருந்தால் உடம்பு குளிர்வது இயல்பு. சைனஸ், ஆஸ்துமா உள்ளவர்கள் இரவில் போடாமல் முற்பகல் வெயிலில் போடட்டும். பொடியை முகத்தருகே கொட்டிச் சலிக்கவும் வேண்டாம், அந்தத் தூசியே சிலருக்கு இழுப்பைக் கிளப்பும்.

மகளுக்குப் பத்து வயதுதானே, நரை இல்லாத தலைக்கு இது எதற்கு? ஆடி மாதம் கையில் அரைத்து வைக்கும் பச்சை இலை போதும். அதற்கும் முன்னால் ஒன்றைக் கேட்டுக்கொள்ளுங்கள்: குடும்பத்தில் யாருக்காவது ஜி-6-பிடி குறைபாடு, அதாவது ரத்தச் சிவப்பணுக்களைக் காக்கும் ஒரு நொதி பிறவியிலேயே குறைவாக இருப்பது, உண்டா? அந்தக் குறைபாடு உள்ள குழந்தைகளுக்குச் சுத்தமான மருதாணியே தோல் வழியாக உள்ளே போய் ரத்தச் சிவப்பணுக்களைச் சிதைத்த சம்பவங்கள் மருத்துவ உலகில் பதிவாகியிருக்கின்றன. கைக்குழந்தைகளுக்கு எந்த வீட்டிலும் வைக்க வேண்டாம்.

கல்யாணத்துக்கு இப்படித் திட்டமிடுங்கள். நெற்றித் தடிப்பு முழுதும் ஆறட்டும். பிறகு மருதாணி விழுதையும் அவுரி விழுதையும் முழங்கை மடிப்பில் தனித்தனியாக ஒரு பொட்டு வைத்துக் கழுவிவிட்டு, 48 மணி நேரம் கவனியுங்கள். சீப்பில் வரும் நரை முடிகளைச் சேர்த்து நூலால் கட்டி, அதில் முதலில் மருதாணியும் பிறகு அவுரியும் போட்டு மூன்று நாள் கழித்து வெளிச்சத்தில் பாருங்கள். உங்கள் தலையில் வரப்போகும் நிறம் அதுதான். பழைய கருப்புச் சாயம் ஏறிய முடியிலிருந்து ஒரு கொத்தையும் வெட்டிச் சேர்த்துச் சோதித்துக்கொள்ளுங்கள். எல்லாம் சரியாக இருந்தால் முகூர்த்தத்துக்கு ஐந்து நாள் முன்னால் தலையில் போடுங்கள். நிறம் அடரவும், நெற்றியில் பட்ட கறை போகவும், ஒருமுறை நன்றாகத் தலைகுளிக்கவும் அந்த ஐந்து நாள் வேண்டும்.