ஏறும்போது வியர்வை, இறங்கும்போது நடுக்கம்

மலை சைக்கிள்: வாசகர் கேள்வி - பதில்

குளிர்காலம் வந்தாலே மலை சைக்கிள்காரர்களிடமிருந்து உடை பற்றிய கேள்விகள் குவிகின்றன. கிராஸ் கன்ட்ரி ஓட்டம், அதாவது ஏற்றமும் இறக்கமும் மாறி மாறி வரும் மண்பாதை ஓட்டம் தொடர்பானவை மட்டும் இந்த இதழில்.

டிசம்பர் கடைசி வாரம் ஊட்டியில், தேயிலைத் தோட்டப் பாதைகளில் 3 மணி நேரம் ஓட்டப் போகிறோம். காலை 6.30-க்குக் கிளம்புவோம். என்னிடம் பஞ்சு வைத்த நல்ல ஜெர்கின் இருக்கிறது. அது ஒன்று போதும்தானே?
– கோவை வாசகர்

ஜெர்கினை அறையிலேயே வைத்துவிட்டு வாருங்கள். முதல் ஏற்றத்திலேயே உங்களை நனைத்துவிடும்.

ஊட்டி சுமார் 2,240 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. டிசம்பர், ஜனவரி விடியலில் தலைகுந்தா போன்ற பள்ளமான இடங்களில் புல்மேல் உறைபனி படிந்திருக்கும். 0 முதல் 5 டிகிரிதான். வெயில் ஏறி 10 மணி ஆவதற்குள் 15 டிகிரியை ஒட்டி வந்துவிடும். இது வெளியே நடக்கும் மாற்றம். உடம்புக்குள் நடப்பது இன்னும் பெரிது. நீங்கள் 150 வாட் சக்தியைப் பெடலுக்குக் கொடுத்தால், அதைப்போல மூன்று, நான்கு மடங்கு உடம்பில் சூடாகக் கிளம்புகிறது. ஜெர்கினுக்குள் சின்ன ரூம் ஹீட்டர் ஒன்றை வைத்துத் தைத்த மாதிரிதான். 10 நிமிடத்தில் உள்பனியன் சொதசொதத்துவிடும்.

உச்சியில் திரும்பி இறங்கும்போதுதான் வினை. 5 டிகிரி குளிரில் மணிக்கு 30 கிலோமீட்டர் வேகத்தில் இறங்கினால், வெற்றுத் தோலுக்கு அது 0 டிகிரி போல உறைக்கும். மிதிக்கும் வேலை இல்லாததால் சூடு உற்பத்தியும் நின்றுவிடும். அசையாத காற்றைவிடத் தண்ணீர் ஏறக்குறைய 25 மடங்கு வேகமாக உடம்புச் சூட்டைக் கடத்தும். ஏற்றத்தில் நனைந்தவர்தான் இறக்கத்தில் பல் கிட்டுபவர். அதனால் உடையை ஏற்றத்துக்கு ஏற்றபடி உடுத்துங்கள். இறக்கத்துக்கானதைப் பாக்கெட்டில் வைத்துக்கொள்ளுங்கள்.

உள்ளே, உடம்போடு ஒட்டிய மெல்லிய பாலியெஸ்டர் பனியன். வசதி இருந்தால் 150 ஜி.எஸ்.எம். (ஒரு சதுர மீட்டர் துணியின் கிராம் எடை) மெரினோ கம்பளி. எதுவானாலும் பருத்தி மட்டும் வேண்டாம். பருத்தி வியர்வையைக் குடித்து வைத்துக்கொள்ளும், விடாது. அதன் மேல், உள்பக்கம் லேசாகப் பஞ்சு எழுப்பிய முழுக்கை ஜெர்சி. ஜிப் கழுத்திலிருந்து இடுப்புவரை முழுதாகத் திறக்க வேண்டும். பாதி ஜிப் வைத்ததை ஏற்றத்தில் போதுமான அளவு திறக்க முடியாது. மூன்றாவதாக, கையில்லாத மெல்லிய விண்ட்சீட்டர். முன்பக்கம் காற்றுப் புகாத துணி, முதுகில் வலை. சுருட்டினால் ஜெர்சியின் பின்பாக்கெட்டில் அடங்கும். முதுகுப்பை மாட்டுபவர்களுக்கு வலை முதுகு ரொம்ப முக்கியம். பை ஏற்கெனவே அங்கே காற்றை அடைத்துவிடுகிறது.

காலுக்கு, உட்காரும் இடத்தில் பேட் (மெத்தை) வைத்த லைக்ரா ஷார்ட்ஸ், கூடவே முழங்கால் உறை. முழங்கால் மூட்டின் மேல் சதையும் கிடையாது, கொழுப்பும் கிடையாது. 15 டிகிரிக்குக் கீழே அதை மூடிவிடுவது நல்ல பழக்கம். வெயில் வந்ததும் ஷூவைக் கழற்றாமலே உருவிக்கொள்ளலாம். லைக்ரா மேலேயே தெரியும்படி தோட்டப் பாதைக்குப் போகாதீர்கள். கவாத்து செய்த தேயிலைச் செடியின் குச்சி கத்தி முனை போல நீட்டிக்கொண்டிருக்கும். உண்ணிச்செடி முள் வேறு. மேலே தளர்வான ஷார்ட்ஸ் ஒன்று இருந்தால் கிழிவது அதுவாக இருக்கும்.

சரியாக உடுத்தியிருக்கிறோமா என்று பார்க்க எளிய வழி: கிளம்பும் முன் வெளியில் 5 நிமிடம் நில்லுங்கள். லேசாகக் குளிர வேண்டும். நின்ற இடத்தில் சுகமாக இருந்தால் ஓர் அடுக்கு அதிகம். ஏற்றம் தொடங்குவதற்கு முன்பே ஜிப்பைத் திறந்துவிடுங்கள். வியர்த்த பிறகு திறந்து பயனில்லை. அதேபோல உச்சியில் சூடு அடங்குவதற்குள் விண்ட்சீட்டரைப் போட்டு ஜிப்பை ஏற்றிவிட வேண்டும். போட்டோ எடுத்து முடித்துவிட்டுப் போடலாம் என்று நின்றால் குளிர் முந்திக்கொள்ளும்.

இன்னொன்று. தோட்டப் பாதைகள் பெரும்பாலும் தனியார் நிலம், சோலைக்காடு வனத்துறையுடையது. இரண்டுக்கும் முன்கூட்டியே அனுமதி வாங்க வேண்டும்.

சைக்கிள் கம்பெனி உடைகளின் விலை கட்டுப்படியாகவில்லை. காதர்பேட்டை பனியன் கடைகளில் கிடைப்பதை வைத்து ஒப்பேற்றலாமா?
– திருப்பூர் வாசகர்

பெரும்பகுதியை ஒப்பேற்றலாம். ஊருக்குள்ளேயே நல்ல துணி இருக்கும்போது வெளியே தேட வேண்டியதில்லை.

உள்பனியனுக்கு 100 சதவீதப் பாலியெஸ்டர், அல்லது 5 முதல் 10 சதவீதம் லைக்ரா கலந்தது, 120 முதல் 160 ஜி.எஸ்.எம்.-க்குள் பாருங்கள். பருத்தி கலந்த பி.சி. துணி தொடுவதற்கு இதமாக இருக்கும், ஆனால் காயாது. கடையிலேயே சோதித்துவிடலாம். துணியின் உள்பக்கத்தில் ஒரு சொட்டுத் தண்ணீர் விடுங்கள். சில நொடிகளில் 5 ரூபாய் நாணயத்தைவிடப் பெரிதாகப் பரவினால் வியர்வையை இழுத்து ஆற்றும் துணி. முத்துப்போல உருண்டு நின்றால் தோலை ஒட்டிப் போட லாயக்கில்லை. அளவு பார்க்கும்போது நிமிர்ந்து நின்று பார்க்காதீர்கள். ஹேண்டில்பாரைப் பிடித்த மாதிரி குனிந்து பாருங்கள். ஓட்டத்துக்கும் கால்பந்துக்கும் தைத்த பனியன்கள் பின்பக்கம் குட்டை. குனிந்தால் இடுப்பு வெளியே தெரியும், அங்கேதான் சேறும் குளிர்காற்றும் அடிக்கும். இரண்டு அங்குலம் நீளமானதாகத் தேடி எடுங்கள்.

மிச்சம் பிடிக்கக் கூடாத இடம் பேட் வைத்த ஷார்ட்ஸ். மலிவான பேட் ஒரே தடிமனான நுரைத்துண்டாக இருக்கும். மண்பாதையில் சீட்டில் முன்னும் பின்னும் நகர்ந்துகொண்டே இருப்பதால் அதன் ஓரத் தையல் தொடையை அறுத்துவிடும். விதவிதமான தடிமனில், தையல் இல்லாமல் வார்த்த பேட் வாங்குங்கள். 

ஊட்டி திபெத்தியர் கடைவீதியில் விற்கும் ஸ்வெட்டர் பற்றியும் கேட்டிருக்கிறீர்கள். மாலையில் டீக்கடைக்குப் போட்டுக்கொண்டு போகலாம். பின்னலின் ஓட்டைகள் வழியே காற்று நேராக உள்ளே வரும். நனைந்தால் சீக்கிரம் காயாது.

விண்ட்சீட்டர் வாங்கக் காசில்லையா? ஐரோப்பிய மலைப் பந்தயங்களில் கணவாய் உச்சியில் வீரர்கள் செய்தித்தாளை வாங்கி ஜெர்சிக்குள் நெஞ்சில் சொருகிக்கொண்டு இறங்குவது பழைய வழக்கம். காற்றைத் தடுக்கும், வியர்வையையும் கொஞ்சம் உறிஞ்சும். இன்றைக்கும் வேலை செய்கிறது. நான்கு தாள் மடிப்பு போதும், முழுப் பேப்பர் வேண்டாம்.

'10,000' என்று போட்ட ரெயின் ஜாக்கெட் வாங்கினேன். வடகிழக்குப் பருவமழையில் ஒரு மணி நேரம் ஓட்டினால் உள்ளே நனைந்துவிடுகிறேன். ஏமாற்றிவிட்டார்களா?
– குன்னூர் வாசகர்

ஏமாற்றியிருக்க வாய்ப்பு குறைவு. முதலில், நனைப்பது மழையா வியர்வையா என்று பாருங்கள். முன்கைகளின் உள்பக்கம் சீராக ஈரமாக இருந்தால் வியர்வை. தோள் தையல், ஜிப் ஓரம், பைவார் அழுத்தும் இடம் இவற்றில் தொடங்கிப் பரவினால் மழை.

லேபிளில் பெரும்பாலும் இரண்டு எண்கள் இருக்கும். ஒன்று எத்தனை மில்லிமீட்டர் உயரத் தண்ணீரின் அழுத்தத்தைத் துணி தாங்கும் என்பது. இன்னொன்று ஒரு சதுர மீட்டர் துணி வழியே 24 மணி நேரத்தில் எத்தனை கிராம் நீராவி வெளியேறும் என்பது. இந்த இரண்டாவது எண்ணும் 10,000 என்றே வைத்துக்கொள்ளுங்கள். 24-ஆல் வகுத்தால் சதுர மீட்டருக்கு மணிக்கு 417 கிராம் வருகிறது. அதுவும் ஆய்வுக்கூடத்தில். செங்குத்தான ஏற்றத்தில் ஒருவருக்கு மணிக்கு ஒரு லிட்டர்கூட வியர்க்கும். மீதி எங்கே போகும்? உள்ளேயேதான். எனவே அக்குளிலும் முதுகிலும் திறப்பு வைத்த ஜாக்கெட்டாகப் பார்ப்பது எண்ணைத் துரத்துவதைவிடப் புத்திசாலித்தனம். ஏற்றத்தில் தூறல் மட்டும் என்றால் அதைக் கழற்றியே வைத்துவிடலாம். சூடாக மிதிக்கும்போது தூறல் உங்களை ஒன்றும் செய்யாது.

பழகிய ஜாக்கெட் இன்னொரு விதத்தில் கெடும். புதிதில் மழைத்துளி துணிமேல் உருண்டோடும். அதற்கு ஒரு பூச்சு காரணம். சேறு, வியர்வை எண்ணெய், பைவார் உரசல் எல்லாம் சேர்ந்து அதைத் தேய்த்துவிட்டால் வெளித்துணி தண்ணீரைக் குடித்துக் கனக்கும். உள்சவ்வு ஓட்டையில்லாமல் இருந்தாலும் நீராவி வெளியேற வழியில்லாமல் போகும். வாங்கிய நாளிலிருந்தே துணி மென்மையாக்கும் திரவத்தை அதன் பக்கத்தில் கொண்டுபோகாதீர்கள். மிச்சமில்லாமல் அலசிப் போகும் சோப்பில் துவைத்து, லேபிள் அனுமதித்தால் டிரையரில் மிதமான சூட்டில் 20 நிமிடம் ஓட்டுங்கள். சூட்டில் பூச்சு ஓரளவு உயிர் பெறும். அப்படியும் துளி உருளவில்லை என்றால் மறுபூச்சுத் திரவம் வாங்கி அடிக்க வேண்டியதுதான்.

பலர் கவனிக்காத ஒன்று: மழையில் கீழ்முதுகையும் பேடையும் நனைப்பது வானத்திலிருந்து வரும் தண்ணீரைவிடப் பின்சக்கரம் வாரியடிக்கும் தண்ணீர்தான். சீட்டுக்கு அடியில் சொருகும் பிளாஸ்டிக் மட்கார்டு ஒன்று போட்டால், விலையுயர்ந்த மழைக்கால்சட்டை செய்ய முடியாததை அது செய்துவிடும்.

பேட் வைத்த ஷார்ட்ஸுக்குள் ஜட்டி போட வேண்டுமா? தெர்மல் பேன்ட் உள்ளேயா, வெளியேயா?
– கொடைக்கானல் வாசகர்

ஜட்டி வேண்டாம். அதன் தையல் ஈரமாகித் தொடையிடுக்கில் புண்ணாக்கும். பேட் நேரடியாகத் தோலில் படத்தான் செய்யப்பட்டது. ஒவ்வொரு ஓட்டத்துக்குப் பிறகும் துவைத்தாக வேண்டும். தெர்மல் பேன்ட் ஷார்ட்ஸின் மேல்.

இரண்டு ஸாக்ஸ் போட்டும் கால் விரல்கள் மரத்துப்போகின்றன. கை விரல்களும் அப்படித்தான்.
– கோத்தகிரி வாசகர்

இரண்டாவது ஸாக்ஸ்தான் காரணமாக இருக்கும். ஷூவுக்குள் இடமில்லாமல் காலை இறுக்கினால் ரத்த ஓட்டம் குறையும். சூட்டைத் தேக்கி வைக்கும் காற்றும் நசுங்கிவிடும். கம்பளி ஸாக்ஸ் ஒன்று போதும். அதைப் போட்டபின் ஷூவுக்குள் விரல்களைத் தாராளமாக மடக்கி விரிக்க முடிய வேண்டும். குளிர்காலத்துக்கு என்று அரை அளவு பெரிய ஷூ வைத்திருப்பவர்கள் உண்டு.

கிளிப் பெடல் ஷூ என்றால் இன்னொரு கசிவு இருக்கிறது. அடியில் கிளீட்டை, அதாவது பெடலில் மாட்டிக்கொள்ளும் கொக்கியைத் திருகும் உலோகத் தகடும் அதைச் சுற்றிய ஓட்டைகளும்தான் அது. ஷூவுக்குள் பாதம் படும் இன்சோலை எடுத்து ஓட்டைகளின்மேல் தடித்த டேப் ஒட்டி, இன்சோலைத் திரும்ப வையுங்கள். ஓடைத் தண்ணீரும் அந்த வழியாகத்தான் வருகிறது. ஷூவுக்கு மேலே மாட்டும் நியோபிரீன் உறை சாலைக்கு அருமையானது. சைக்கிளைத் தள்ளிக்கொண்டு பாறையில் நடந்தால் அடிப்பாகம் சீக்கிரம் பிய்ந்துவிடும். மண்பாதைக்கு விரல்பகுதியை மட்டும் மூடும் உறையே நல்லது.

கைக்குத் தடித்த கிளவுஸ் வேண்டாம். பிரேக் லீவரில் ஒற்றை விரலின் உணர்வு போய்விட்டால், ஈரப் பாதையில் சக்கரம் பூட்டிக்கொள்வதுகூடத் தெரியாது. முன்பக்கம் காற்றுப் புகாத மெல்லிய முழுவிரல் கிளவுஸ் 5 டிகிரிவரை தாங்கும். இன்னும் குளிர்ந்தால் உள்ளே மருந்துக்கடையில் கிடைக்கும் நைட்ரைல் கையுறை ஒரு ஜோடி. கை வியர்க்கும், ஆனால் காற்று தொடாது. இதைச் செய்தபின் லீவரின் எட்டும் தூரத்தைச் சரிபார்க்க மறக்க வேண்டாம்.

ஹெல்மெட்டுக்குள் குரங்குக் குல்லா போடலாமா?
– மூணாறு வாசகர்

கூடாது. தடித்த கம்பளி ஹெல்மெட்டைத் தலையிலிருந்து தூக்கிவிடும், விழும்போது நழுவும். காதை மூடும் மெல்லிய ஓட்டத் தொப்பி போட்டு, பின்னால் உள்ள திருகைத் திரும்ப இறுக்கிக்கொள்ளுங்கள். கழுத்துத்துணியை மூக்குவரை இழுத்தால் மூச்சுக்காற்று மேலேறிக் கண்ணாடியை மூடிவிடும், அதனால் மூக்குக்குக் கீழேயே நிறுத்துங்கள்.

டொரோன்டோவில் இருக்கிறேன். டான் பள்ளத்தாக்குப் பாதைகளில் மைனஸ் 8-இல் ஓட்ட ஆசை. ஊட்டிக்குச் சொல்வது இங்கே பொருந்துமா?
– ஸ்கார்பரோ வாசகர்

அடுக்கு முறை அப்படியே பொருந்தும், முனைகள்தான் மாறும். கைக்கு, ஹேண்டில்பாரிலேயே மாட்டும் பெரிய உறை. உள்ளே மெல்லிய கிளவுஸ் போதும், பிரேக் உணர்வும் போகாது. காலுக்குக் குளிர்கால சைக்கிள் பூட்ஸ், வழக்கத்தைவிட ஓர் அளவு பெரிதாக. கீழாடை, முன்தொடையும் இடுப்பின் முன்பக்கமும் காற்றுப் புகாத துணியில் தைத்ததாக இருக்க வேண்டும். ஆண்கள் இதை அலட்சியம் செய்துவிட்டு வீடு திரும்பிய பிறகு வருந்துவார்கள். முதுகுப்பைத் தண்ணீர்க்குழாய் உறைந்துவிடும் என்பதால் சூடு காக்கும் பாட்டிலில் வெந்நீர் நிரப்பி எடுத்துப் போங்கள். தரை கெட்டியாக உறைந்திருக்கும்போது ஓட்டுங்கள். உருகிச் சேறாகிவிட்டால் பாதையும் கெடும், உடையும் கெடும்.

ஓட்டம் முடிந்து நின்ற சில நிமிடங்களில் உடம்பு வெடவெடக்கிறது. சூடாக டீ குடித்தும் நிற்கவில்லை.
– குன்னூர் வாசகி

டீ இரண்டாவது வேலை. முதலில் உள்பனியனை மாற்றுங்கள். மேலே எத்தனை ஸ்வெட்டர் போர்த்தினாலும் தோலை ஒட்டியது ஈரமாக இருக்கும்வரை சூடு போய்க்கொண்டே இருக்கும். உலர்ந்த பனியன், கம்பளித் தொப்பி, ஸாக்ஸ் மூன்றையும் பிளாஸ்டிக் உறையில் கட்டி வண்டியிலோ பையிலோ வைத்திருங்கள். நின்ற 5 நிமிடத்துக்குள் மாற்றிவிடுங்கள். பஞ்சு வைத்த ஜெர்கினுக்கு வேலை வருவது அதற்குப் பிறகுதான்.

கூட வந்தவர் யாராவது சட்டைப் பொத்தானைப் போட முடியாமல் தடுமாறினாலோ பேச்சு குழறினாலோ கவனியுங்கள். முக்கியமாக, நடுக்கம் தானாக நின்று சோர்ந்துபோனால், சரியாகிவிட்டது என்று நினைக்காதீர்கள். காற்றில்லாத இடத்துக்குக் கொண்டுபோய், ஈரத்தைக் களைந்து, போர்த்தி, உடனே மருத்துவமனைக்கு அழைத்துச் செல்லுங்கள்.