கிருஷ்ணகிரியில் சனிக்கிழமை இரவு – கடிதம்

ஐயா, வணக்கம்.

வேலை மாற்றலாகி மனைவியோடு சென்னையிலிருந்து கிருஷ்ணகிரிக்கு வந்து நான்கு மாதம் ஆகிறது. அங்கே சனி, ஞாயிறு என்றால் நாடகம், கச்சேரி என்று ஏதாவது ஒன்று கிடைத்துவிடும். இங்கே இரவு பத்துக்கு மேல் பஸ் ஸ்டாண்டைத் தவிர எதுவும் விழித்திருப்பதாகத் தெரியவில்லை. அலுவலக நண்பர் சொன்னாரென்று பர்கூர் பக்கம் ஒரு கிராமத்தில் கூத்துப் பார்க்கப் போனோம். எட்டு மணிக்கே போய்விட்டோம். ஒன்பதரை வரை மைக் சரிபார்த்தார்கள், அப்புறம் மேளம், அப்புறம் கோமாளி. பதினொன்றரை வரை கோமாளிதான். பாட்டில் ஒரு வரி புரியவில்லை. எழுந்து வந்துவிட்டோம். எங்களுக்குத்தான் ரசனை போதவில்லையா, கூத்தே இவ்வளவுதானா? வார இறுதி என்றால் இங்கிருந்து பெங்களூருக்கு ஓடுவதுதான் வழியா?

ஆர்.,
கிருஷ்ணகிரி

அன்புள்ள ஆர்.,

நீங்கள் எழுந்து வந்த பதினொன்றரை மணிக்குத்தான் அங்கே கதை தொடங்கியிருக்கும். ரசனைக்கும் இதற்கும் சம்பந்தமில்லை. நீங்கள் போன நேரமும் கிளம்பிய நேரமும்தான் தவறு.

கூத்து விடிய விடிய நடப்பது. ஒன்பது, ஒன்பதரைக்கு மிருதங்கம், தாளம், ஆர்மோனியம், முகவீணை என்ற சிறிய நாயனம் எல்லாம் சேர்ந்து முழங்குவதற்குக் களரி கட்டுதல் என்று பெயர். அது சுற்று வட்டாரத்துக்கு விடும் அழைப்பு. ஆட்கள் சாப்பிட்டு, மாட்டைக் கட்டிவிட்டு, பாயோடு வந்து சேர ஒன்றரை மணி நேரமாவது வேண்டும். அதுவரை கூட்டத்தைப் பிடித்து வைப்பது கட்டியக்காரன் வேலை, நீங்கள் பார்த்த கோமாளி அவர்தான். முதல் வேஷம் களத்துக்கு வரப் பதினொன்று ஆகும். பெரிய நடிகர்களின் வேஷம் நள்ளிரவுக்குப் பிறகு. கதையின் உச்சம் மூன்றரையிலிருந்து ஐந்தரைக்குள். ஆகவே பத்தரைக்குப் போங்கள், விடியும்வரை இருங்கள். முழு இரவு முடியாது என்றால் மாலையில் தூங்கிவிட்டு இரண்டு மணிக்குப் போங்கள். பத்திலிருந்து பன்னிரண்டு வரை பார்த்துவிட்டுத் திரும்புவதுதான் இருப்பதிலேயே மோசமான ஏற்பாடு. நகரத்திலிருந்து போகிறவர்கள் பெரும்பாலும் அதைத்தான் செய்கிறார்கள்.

எட்டு மணிக்கே போய்ச் சேர்ந்தால் வேஷம் கட்டும் இடத்தைப் பார்க்கக் கேளுங்கள். குழுவை நடத்தும் வாத்தியாரிடம் சொல்லிவிட்டு, செருப்பைக் கழற்றிவிட்டு ஓரமாக நின்றால் யாரும் தடுக்க மாட்டார்கள். கிரீடம், புஜக்கட்டை, மார்புப் பதக்கம் எல்லாம் எடை குறைந்த மரத்தில் செதுக்கி, வண்ணத்தாளும் கண்ணாடிச் சில்லும் ஒட்டியவை. அவற்றை இறுக்கிக் கட்டுவதில்தான் விஷயம் இருக்கிறது. கொஞ்சம் தளர்ந்தால் நடிகர் வேகமாகச் சுழலும்போது கட்டை நழுவும். அதிகம் இறுக்கினால் நாலு மணி நேரம் மூச்சுப் பிடித்துப் பாட முடியாது. முகத்துக்கு அரிதாரம். துரியோதனனுக்குச் சிவப்பு, கிருஷ்ணனுக்குப் பச்சை அல்லது நீலம், மற்றவை குழுவுக்குக் குழு மாறும்.

பாட்டு புரியவில்லை என்கிறீர்கள். கூத்தில் எந்தச் செய்தியும் ஒரு தடவை மட்டும் சொல்லப்படுவதில்லை. முதலில் விருத்தம், தாளம் இல்லாமல் இழுத்துப் பாடுவது. அடுத்து அதே பொருளைத் தாளத்தோடு தரு என்ற பாட்டாகப் பாடுவார், பின்பாட்டுக்காரர்கள் வரியைத் திருப்பிப் பாடுவார்கள். பிறகு வசனம். அதற்கும் மேல் கட்டியக்காரன் குறுக்கே புகுந்து, இன்றைய பேச்சில், நம்மூர்க் கிண்டலோடு அதையே கேட்டு வாங்குவார். விருத்தம் கைவிட்டுப் போனால் கவலைப்படாதீர்கள். வசனத்துக்குக் காதைக் கொடுங்கள், அடுத்த முறை தரு தானாக விளங்கும். இதற்கு ஒரு முன்தயாரிப்பும் உண்டு. அன்றைய கதையை வீட்டிலேயே பத்து நிமிஷம் படித்துவிட்டுப் போங்கள். அங்கே பாயில் உட்கார்ந்திருக்கும் எல்லோருக்கும் கதை ஏற்கெனவே தெரியும். என்ன நடக்கும் என்று யாரும் காத்திருப்பதில்லை. எப்படிச் செய்கிறார் என்று பார்க்கத்தான் வந்திருக்கிறார்கள்.

திரைப் பிரவேசத்தைத் தவறவிடாதீர்கள். இரண்டு பேர் ஒரு துணியை இழுத்துப் பிடித்து நிற்பார்கள். துரியோதனன் என்றால் முதலில் கிரீடத்தின் நுனி மட்டும் துணிக்கு மேலே தெரியும், கீழே சலங்கை கட்டிய கால். முகத்தைக் காட்டாமலே பாடுவார், திரும்புவார், துணியைப் பிடித்து உலுக்குவார். மிருதங்கம் ஏறிக்கொண்டே போகும். திரை விலகியதும் களம் முழுக்க ஒரு சுற்றுச் சுழன்று வந்து நிற்பார். அந்தச் சுழற்சியில் கால் தாளத்தை விட்டு நழுவுகிறதா என்று பாருங்கள். எப்படிப்பட்ட நடிகர் என்பது அதிலேயே தெரிந்துவிடும்.

உட்காரும் இடமும் முக்கியம். மேளக்காரர்களின் பலகைக்கு நேர் எதிரே, ஐந்தாறு வரிசை தள்ளி. முன்வரிசை குழந்தைகளுடையது. துச்சாதனன் பாய்ந்து வரும்போது முன்னால் இருப்பவர்கள் சிதறி ஓடுவார்கள், புழுதி கிளம்பும். பெட்டி ஸ்பீக்கருக்கு நேர் முன்னால் உட்கார்ந்தால் இரண்டு மணிக்குள் தலைவலி நிச்சயம். முகவீணைக்குப் பதில் கீபோர்டு வைத்திருக்கும் குழுக்களும் இப்போது உண்டு. தேர்ந்தெடுக்க வாய்ப்பிருந்தால் முகவீணை இருக்கும் குழுவுக்குப் போங்கள். கீபோர்டு எல்லா ராகத்தையும் ஒரே குரலில் தேய்த்துவிடுகிறது.

சனிக்கிழமை என்று நீங்கள் தேடுவதில்தான் இன்னொரு சிக்கல். இங்கே நாடகம் கிழமை பார்த்து நடப்பதில்லை, திரௌபதி அம்மன் கோயில் திருவிழாவைப் பார்த்து நடக்கிறது. மாசி, பங்குனியில் தொடங்கி ஆடி வரை பருவம். பெரும்பாலும் பதினெட்டு நாள் விழா. பகலில் ஒரு மணிவாக்கில் தொடங்கி மாலை வரை மகாபாரதச் சொற்பொழிவு, இரவு நாடகம். எல்லா ஊரிலும் பதினெட்டு இரவும் கூத்து இருக்காது. வசதி குறைந்த ஊர்களில் கடைசி எட்டு, பத்து இரவு மட்டும். கிருஷ்ணகிரி, பர்கூர், காவேரிப்பட்டணம், போச்சம்பள்ளி, மத்தூர், அந்தப் பக்கம் தருமபுரி, பாலக்கோடு, காரிமங்கலம் என்று வட்டாரம் முழுக்க எங்காவது ஒரு ஊரில் நடந்துகொண்டே இருக்கும். இணையத்தில் தேடிப் பயனில்லை. டீக்கடைச் சுவரிலும் பஸ் நிழற்குடையிலும் ஒட்டியிருக்கும் நோட்டீஸைப் படியுங்கள். தேதிவாரியாக அன்றைய பகல் கதை, இரவு நாடகத்தின் பெயர், நாடக சபாவின் பெயர், விழாக்குழுவின் செல்போன் எண் எல்லாம் அதிலேயே இருக்கும். ஒரு படம் எடுத்து வைத்துக்கொண்டால் மூன்று வார இறுதிக்குத் திட்டம் போடலாம். விசாரிப்பதானால் "இந்தப் பக்கம் எந்த ஊர்ல பாரதம் போட்டிருக்காங்க?" என்று கேளுங்கள், ஆளுக்கொரு ஊரைச் சொல்வார்கள்.

கிளம்பும் முன் அந்த எண்ணுக்கு ஒரு போன் அவசியம். ஊரில் சாவு விழுந்தால் அன்றைய நாடகம் தள்ளிப்போகும், மழை பெய்தாலும் அப்படியே. தேர்தல் அறிவிப்பு வந்துவிட்டால் இரவு நிகழ்ச்சிக்குப் போலீஸ் அனுமதி இழுபடும். ஒரு நாள் தள்ளினால் மறுநாள் கதையும் மாறிவிடும். கர்ணனைப் பார்க்கப் போய் அபிமன்யுவைப் பார்க்க நேரும்.

எந்த இரவைத் தேர்ந்தெடுப்பது? முதல் முறை என்றால் துகிலுரிதல் அல்லது கர்ண மோட்சம். துகிலுரிதலில் சேலையை இழுக்கும் கட்டம் விடியலை நெருங்கித்தான் வரும். பாஞ்சாலியாக நிற்பது பெண் வேஷம் கட்டிய ஆண். ஆனால் அந்த நேரத்தில் அவர் அம்மன். துச்சாதனன் கட்டியவர் சேலையைத் தொடுவதற்கு முன் கதையை நிறுத்தி, கற்பூரம் ஏற்றிக் கும்பிட்டு, இது வேஷத்துக்காகச் செய்வது, பொறுத்துக்கொள் தாயே என்று வேண்டிக்கொண்டுதான் கை வைப்பார். கூட்டத்தில் பெண்கள் எழுந்து நிற்பார்கள், சிலருக்கு அருள் வரும். அப்போது போனை நீட்டிக்கொண்டு நடுவே போகாதீர்கள். கர்ண மோட்சத்தில் சண்டையை விடப் போருக்குப் புறப்படும் முன் கர்ணனுக்கும் அவன் மனைவி பொன்னுருவிக்கும் நடக்கும் தர்க்கம்தான் சுவை. பாட்டுக்குப் பாட்டு, பதிலுக்குப் பதில். இரண்டு நல்ல பாடகர்கள் அமைந்தால் மற்ற நாடகங்களெல்லாம் அதற்குப் பின்னால்தான். குறவஞ்சியை உங்களுக்குச் சொல்ல மாட்டேன். அதன் சிரிப்பில் பாதி உள்ளூர்ச் சங்கதி தெரிந்தவர்களுக்கானது.

இரவு விழிக்கவே முடியாதென்றால் இரண்டு நிகழ்ச்சிகள் இருக்கின்றன. ஒன்று அர்ச்சுனன் தபசு. நட்டு வைத்த உயரமான மரத்தில் அர்ச்சுனன் வேஷக்காரர் படிக்கு ஒரு பாட்டாகப் பாடிக்கொண்டே ஏறி, உச்சியிலிருந்து எலுமிச்சையும் பூவும் விபூதியும் வீசுவார். பிள்ளை வரம் கேட்கும் பெண்கள் கீழே மடியேந்திக் காத்திருப்பார்கள். அந்த இடத்தை அவர்களுக்கு விட்டுத் தள்ளி நில்லுங்கள். இரண்டாவது, கடைசி நாள் காலை துரியோதனன் படுகளம். களிமண்ணால் மல்லாந்து படுத்த பிரம்மாண்டமான துரியோதனனைச் செய்து வைத்திருப்பார்கள். பீமனும் துரியோதனனும் அதைச் சுற்றி, கூட்டத்துக்குள்ளும் புகுந்து ஓடிச் சண்டையிடுவார்கள். பீமன் தொடையில் அடித்ததும் உள்ளே வைத்த சிவப்புக் கரைசல் கொப்பளிக்கும், பாஞ்சாலி கூந்தலை முடிவாள். முடிந்த அடுத்த நொடி அந்த மண்ணை ஒரு பிடி வீட்டுக்கு எடுத்துப் போக ஊரே பாயும். குழந்தையோடு போகிறவர்கள் அதற்குள் வெளியே வந்துவிட வேண்டும். மாலையில் தீமிதி. பல ஊர்களில் படுகளம் ஞாயிற்றுக்கிழமை வருமாறு நாள் குறிக்கிறார்கள், உங்களுக்கு அது வசதி.

டவுன் பஸ் ஒன்பதரைக்கு மேல் நம்ப முடியாது, காலையில் ஐந்துக்கு மேல்தான். எனவே சொந்த வண்டி. வண்டியைக் களத்தை ஒட்டி நிறுத்தினால் விடியும்வரை எடுக்க முடியாது, ஊர் நுழைவில் விட்டுவிடுங்கள். பாய், போர்வை, தலைக்கு ஒரு துண்டு. சித்திரையிலும் மூன்று மணிக்கு மேல் பனி இறங்கும். தண்ணீரும் கொஞ்சம் தின்பண்டமும் கையில் இருக்கட்டும், டீக்கடை எப்படியும் இருக்கும். பெண்கள் கோயில் பக்கமாகக் கூட்டமாக உட்கார்ந்திருப்பார்கள். உங்கள் மனைவி அங்கே உட்காரலாம், அதைவிடப் பாதுகாப்பான இடம் இல்லை. குடித்துவிட்டு வருகிறவர்கள் ஓரத்தில்தான் நிற்பார்கள். கழிப்பறைதான் உண்மையான தொல்லை. பக்கத்தில் உட்கார்ந்திருக்கும் அக்காவிடம் கேட்டால் வீட்டுக்கே கூட்டிப்போவார், தயங்காமல் கேட்கச் சொல்லுங்கள். தேன்கனிக்கோட்டை, அஞ்செட்டி, தளி பக்கம் கூத்து என்றால் மட்டும் இரவில் காட்டுச் சாலையில் பைக் வேண்டாம். யானை கடக்கும் பாதைகள் அவை. இருட்டும் முன் போய், நன்றாக விடிந்த பின் கிளம்புங்கள்.

கூத்து தவிர மற்றவை சுருக்கமாக. ஜூன், ஜூலையில் கிருஷ்ணகிரியில் மாங்கனிக் கண்காட்சி, மாலையில் மேடை நிகழ்ச்சிகள் உண்டு. தரம் நாளுக்கு நாள் மாறும், மாம்பழம் ஏமாற்றாது. ஆடிப்பெருக்குக்கு ஒகேனக்கல்லில் அரசு விழா. காவிரியில் நீர்வரத்து அதிகமானால் பரிசலையும் குளியலையும் நிறுத்திவிடுவார்கள், விசாரித்துப் போங்கள். ஆடி வெள்ளிகளில் அம்மன் கோயில்களில் பம்பை கேளுங்கள். ஒன்று மரம், ஒன்று பித்தளை என்று இரண்டு உருளைகளைச் சேர்த்துக் கட்டிய வாத்தியம், பக்கத்தில் நின்று கேட்க வேண்டியது. கோயில் திடல் ஆர்கெஸ்ட்ரா பத்து மணியோடு நிற்பதற்குக் காரணம் 2000ஆம் ஆண்டின் ஒலி மாசு விதிகள். திறந்தவெளியில் இரவு பத்திலிருந்து காலை ஆறு வரை ஒலிபெருக்கிக்குத் தனிச் சலுகை இல்லாமல் அனுமதியில்லை. ஆர்கெஸ்ட்ராவுக்கு ஏழு மணிக்கே போய்விடுங்கள்.

ஆவணிக்கு மேல், மழைக்காலத்தில் கூத்துக் குறைந்துவிடும். பெங்களூருக்கு அப்போது போங்கள். இங்கிருந்து 90 கிலோமீட்டர்தான். நாடகத்துக்கென்றால் ஜே.பி. நகரில் 2004 முதல் இயங்கும் ரங்க சங்கரா. திங்கள் தவிர மற்ற நாட்களில் ஏதாவது ஒரு நாடகம் இருக்கும், ஞாயிறு பிற்பகல் காட்சியும் உண்டு. நேரத்தில் கறார். மணி அடித்துக் கதவு சாத்தினால் டிக்கெட் இருந்தாலும் உள்ளே விட மாட்டார்கள். உங்களுக்கு உகந்தது ஞாயிறு மூன்றரை மணிக் காட்சி. ஞாயிறு மாலையில் ஊருக்கு வந்தவர்களெல்லாம் பெங்களூருக்குத் திரும்புவார்கள். ஓசூரிலிருந்து அத்திப்பள்ளி வரை வண்டி ஊரும், ஏழரைக் காட்சிக்குப் போனால் கதவு சாத்தியிருக்கும். காலை பத்தரை, பதினொன்றுக்குப் பஸ் ஏறி, கண்டக்டரிடம் சொல்லிப் பொம்மசந்திராவில் இறங்குங்கள். 2025 ஆகஸ்டில் திறந்த மெட்ரோ மஞ்சள் தடம் அங்கிருந்துதான் தொடங்குகிறது. ராகிகுட்டாவில் இறங்கி ஆட்டோ பிடித்தால் அரங்கம் பக்கம்தான். சில்க் போர்டு நெரிசல் உங்களைத் தொடாது. ஐந்தரைக்கு வெளியே வந்தால் ஒன்பது, ஒன்பதரைக்குள் வீடு. எதிர்த்திசைப் பயணம் என்பதால் திரும்பும்போது சாலை காலியாக இருக்கும். கர்நாடக சங்கீதம் என்றால் மட்டும் கூத்துப் பருவத்திலேயே போக வேண்டும், சாமராஜ்பேட்டை கோட்டை உயர்நிலைப் பள்ளி மைதானத்தில் ராமநவமியை ஒட்டி ஒரு மாதக் கச்சேரி. பப், கிளப் என்று போனால் ஒரு மணி வரை திறந்திருக்கும், ஆனால் அதற்கு முன்பே மெட்ரோ நின்றுவிடும். அறை எடுத்துத் தங்குவதுதான் புத்திசாலித்தனம். கர்நாடக மதுவை எல்லை தாண்டிக் கொண்டுவருவது குற்றம் என்பதையும் நினைவில் வையுங்கள்.

கூத்துக்கு டிக்கெட் கிடையாது. பிடித்த நடிகருக்கு அன்பளிப்பாக ஐம்பதோ நூறோ கொடுக்கலாம், ஊர்ப் பெயரோடு மைக்கில் சொல்வார்கள். பாட்டின் நடுவே எழுந்து போய்க் கொடுக்காதீர்கள், நிறுத்தி நன்றி சொல்ல வேண்டிய கட்டாயம் அவருக்கு. கட்டியக்காரனிடம் கொடுத்துவிட்டால் அவர் இடம் பார்த்துச் சொல்லிக்கொள்வார். வீடியோ எடுப்பதானால் வாத்தியாரிடம் கேட்டுவிட்டு, பிளாஷ் இல்லாமல், ஐந்து நிமிஷத்துக்குள் முடித்துக்கொள்ளுங்கள். அவர்களில் பலருக்கு இதுதான் பிழைப்பு. முழு இரவையும் யூடியூபில் ஏற்றிவிட்டால் அடுத்த ஊரில் அதே நாடகத்துக்குக் கூட்டம் குறைகிறது என்ற வருத்தம் அவர்களுக்கு உண்டு.