ஈஸ்டருக்கு மறுநாள்: வாசகர் கேள்விகளுக்கு ஆயர் பதில்

நீண்ட காலம் மருத்துவமனை ஆயராக இருந்து ஓய்வு பெற்றவன் நான். இந்தப் பகுதிக்கு வரும் கடிதங்களில் உயிர்த்தெழுதல் பற்றிய கேள்விகளை இந்த முறை சேர்த்து எடுத்திருக்கிறேன். முதல் கேள்விக்கு நிறைய இடம் போய்விட்டது. அது அந்த அளவுக்கு முக்கியமான கேள்வி.

என் மாமியார் படுத்த படுக்கையாக இருக்கிறார். நினைவு தப்பிவிட்டது, நான் யாரென்றே அவருக்குத் தெரிவதில்லை. ஈஸ்டர் ஆராதனையில் எல்லாரோடும் சேர்ந்து நானும் சந்தோஷமாகப் பாடினேன். மறுநாள் காலை ஈரமான விரிப்பை உருவி அவரைத் துடைத்துவிடும்போது, நேற்றுப் பாடியதற்கும் இதற்கும் என்ன சம்பந்தம் என்று தோன்றியது. தவறாக நினைக்காதீர்கள் ஐயா, உண்மையாகவே கேட்கிறேன்.
— ஒரு வாசகி

இதில் தவறாக நினைக்க ஒன்றுமில்லை, சகோதரி. மாற்கு 16ஆம் அதிகாரத்தின் தொடக்கத்தை இன்னொரு முறை படித்துப் பாருங்கள். மகதலேனா மரியாளும், யாக்கோபின் தாயாகிய மரியாளும், சலோமேயும் விடிந்தும் விடியாமலும் எதற்காகக் கல்லறைக்குப் போனார்கள்? ஆண்டவர் எழுந்திருப்பார் என்ற எண்ணமே அவர்களுக்கு இல்லை. இறந்துபோன ஒரு உடலுக்குச் செய்யவேண்டியதைச் செய்யப் போனார்கள். கையில் உடலுக்குப் பூசும் கந்தவர்க்கம், மனதில் கல்லறை வாசலை அடைத்த கல்லை யார் புரட்டித் தருவார் என்ற கவலை. பதில் பேசாத, நன்றி சொல்லாத ஒரு உடலைக் கவனிக்கக் கிளம்பிய பெண்களுக்குத்தான் அந்தச் செய்தி முதலில் சொல்லப்பட்டது. நீங்கள் தினமும் காலையில் செய்கிற வேலைக்கு மிகப் பக்கத்தில் நடந்தது முதல் ஈஸ்டர்.

விசுவாசப்பிரமாணத்தில் நாம் என்ன அறிக்கையிடுகிறோம்? சரீரம் உயிர்த்தெழும் என்று. உயிர் உடலை உதறிவிட்டு எங்கோ தப்பிப் போகும் என்று அங்கே சொல்லியிருக்கவில்லை. உயிர்த்தெழுந்த ஆண்டவர் சீஷர்கள் கண்முன்னே பொரித்த மீனை வாங்கிச் சாப்பிட்டதாக லூக்கா எழுதுகிறார். ஆணி பாய்ந்த கைகளைத் தோமாவுக்குக் காட்டியதாக யோவான் எழுதுகிறார். புதிய சரீரத்திலும் அந்தத் தழும்புகள் இருந்தன. இந்த உடல் பட்ட பாடு எதையும் கடவுள் ஒன்றுமில்லாததாக எண்ணுவதில்லை என்பதற்கு இதைவிட வேறென்ன சாட்சி வேண்டும்? கொரிந்து சபையில் சிலர், உடல் அழியப்போவதுதானே, அதை வைத்து என்ன செய்தால் என்ன என்ற போக்கில் இருந்தார்கள். அவர்களுக்குப் பவுல் கொடுத்த பதில், கர்த்தரை எழுப்பினவர் நம்மையும் எழுப்புவார் என்பது (1 கொரிந்தியர் 6:14). எழுப்பப்படப்போகிற உடலை வேண்டாத பொருளைப்போல் கையாள முடியாது.

எங்கள் மருத்துவமனையில் ஒரு நர்ஸ் இருந்தார். சுயநினைவே இல்லாத முதியவர்களைக்கூட, "ஐயா, உங்களை இப்போது வலது பக்கம் திருப்பப் போகிறேன்" என்று சொல்லிவிட்டுத்தான் தொடுவார். அவர்களுக்குக் காது கேட்காது என்று மற்றவர்கள் சொல்லியும் நிறுத்தவில்லை. ஒருநாள் ஏன் இப்படி என்று கேட்டேன். "இவரை நான் மறுபடியும் பார்ப்பேன் ஐயா. அன்றைக்கு இவர் முகத்தை நான் பார்க்க வேண்டாமா?" என்றார். சரீர உயிர்த்தெழுதல் பற்றி நான் படித்த எந்தப் புத்தகத்திலும் இவ்வளவு தெளிவான விளக்கத்தைப் பார்த்ததில்லை.

அதனால் உங்கள் மாமியாரிடமும் சொல்லிவிட்டுச் செய்யுங்கள். பெயரைச் சொல்லியோ, அத்தை என்றோ, எப்போதும் கூப்பிடுகிறபடி கூப்பிடுங்கள். படுக்கைப்புண் வராமல் இருக்க இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை திருப்பிப் படுக்க வைக்கச் சொல்வார்கள். அதை நீங்கள் ஒருவரே இரவும் பகலும் செய்தால் உங்கள் உடம்பு தாங்காது. உங்கள் சரீரமும் அதே விசுவாசப்பிரமாணத்துக்குள் வருகிறது, சகோதரி. இரவு வேளையை உங்கள் கணவர் ஏற்றுக்கொள்ளட்டும், அவரைப் பெற்ற தாய்தானே. வாரத்தில் ஒரு மத்தியானமாவது சபையிலிருந்து யாராவது வந்து உட்காரட்டும். உங்கள் ஆயரிடம் நேரடியாகக் கேளுங்கள். கேட்பதில் வெட்கம் எதுவும் இல்லை.

கணவர் இறந்து சில மாதங்கள் ஆகின்றன. ஆராதனையில் பாட்டு ஆரம்பித்தாலே அழுகை வந்துவிடுகிறது. "விசுவாசிகள் அழக்கூடாது, உயிர்த்தெழுதலில் நம்பிக்கை இல்லையா?" என்று கேட்கிறார்கள். எனக்கு விசுவாசம் குறைவா?
— பெயர் வெளியிட விரும்பாத வாசகி

அம்மா, அழுங்கள். உங்களை அப்படிக் கேட்டவர்கள் யோவான் 11ஆம் அதிகாரத்தைக் கடைசிவரை படிக்கட்டும். இறந்துபோன லாசருவை எழுப்பப்போவது இயேசுவுக்குத் தெரியும். அதை எண்ணித்தான் பெத்தானியாவுக்கு வந்தார். கல்லறையை நெருங்கும் முன்பே லாசருவின் சகோதரி மரியாள் அழுவதைக் கண்டு அவரும் கண்ணீர் விட்டார். உயிர்த்தெழுதலைப் பற்றி அவரைவிட உறுதியாக அறிந்தவர் யார்?

நம்பிக்கையற்ற மற்றவர்களைப்போலத் துக்கிக்காதீர்கள் என்று பவுல் தெசலோனிக்கேயருக்கு எழுதியது உண்மைதான். துக்கிக்கவே கூடாது என்று அவர் எழுதவில்லை. தம்மோடு வேலை செய்த எப்பாப்பிரோதீத்து சாகும் நிலைக்குப் போய்ப் பிழைத்தபோது, எனக்குத் துக்கத்தின்மேல் துக்கம் வராமல் தேவன் இரங்கினார் என்று பிலிப்பியருக்கு மனம்விட்டு எழுதியவரும் அதே பவுல்தான். அன்பு வைத்தவரை இழந்தால் வலிக்கும். இந்தப் பிரிவு நிரந்தரம் இல்லை என்பதுதான் நம் நம்பிக்கை. பிரிவே இல்லை என்று நடிக்க யாரும் நம்மிடம் கேட்கவில்லை.

துக்க வீட்டுக்குப் போகிறவர்களுக்கும் ஒன்று சொல்ல வேண்டும். தயவுசெய்து வசனத்தை எடுத்து வாயை அடைக்காதீர்கள். பக்கத்தில் உட்காருங்கள். அப்புறம் அவர்களே பேசுவார்கள்.

ஈஸ்டர் அன்று அருமையான பிரசங்கம். முடிந்த உடனே விசேஷக் காணிக்கை அறிவிப்பு. இவ்வளவு பெரிய சத்தியத்தைப் பேசிய வாயால் உடனே பணத்தைப் பற்றிப் பேசலாமா?
— ஒரு வாசகர்

பவுலும் அதைத்தான் செய்தார். 1 கொரிந்தியர் 15 முழுக்க உயிர்த்தெழுதல். "கர்த்தருக்குள் நீங்கள் படுகிற பிரயாசம் விருதாவாயிராது" என்று அந்த அதிகாரத்தை முடிக்கிறார். அடுத்த வரியே, 16ஆம் அதிகாரத்தின் முதல் வசனமே, தர்மப்பணம் சேர்ப்பது பற்றி. வாரத்தின் முதல் நாளில், அதாவது ஆண்டவர் எழுந்த கிழமையில், அவரவர் தம் வரவுக்குத் தக்கபடி எடுத்து வைக்கச் சொல்கிறார். மரணத்தை ஜெயித்தவரைப் பற்றிப் பேசிவிட்டு ஏழைகளுக்கு எடுத்து வைக்கச் சொல்வது அவருக்கு ஒரே மூச்சில் வந்திருக்கிறது.

ஆனால் அந்தப் பணம் எங்கே போனது என்பதையும் பாருங்கள். எருசலேமில் வறுமையில் இருந்த விசுவாசிகளுக்கு. 2ஆம் நூற்றாண்டின் நடுவில் ரோமாபுரியில் ஞாயிறு ஆராதனையை விவரித்து எழுதிய ஜஸ்டினும், வசதியுள்ளவர்கள் மனமுவந்து கொடுப்பது அநாதைகள், விதவைகள், நோயாளிகள், சிறையில் இருப்பவர்கள், அந்நியர்கள் ஆகியோருக்குச் செலவாகிறது என்கிறார். உங்கள் சபையில் அந்தக் காணிக்கை எதற்குப் போகிறது என்று கேளுங்கள். அது உறுப்பினர் கேட்க வேண்டிய கேள்வி, கேட்டால் பதில் சொல்வது பொறுப்பில் இருப்பவர்களின் கடமை.

தன்னைத் தகனம் செய்யும்படி அப்பா எழுதி வைத்திருக்கிறார். சாம்பலானால் உயிர்த்தெழ முடியுமா என்று உறவினர்கள் பயமுறுத்துகிறார்கள்.
— ஒரு வாசகர்

கி.பி. 177இல் லியோன் நகரில் கிறிஸ்தவர்களைக் கொன்றவர்கள் இதே கணக்கைத்தான் போட்டார்கள். உடல்களை எரித்து, சாம்பலை ரோன் ஆற்றில் கரைத்தார்கள். இனி இவர்கள் எப்படி எழுந்திருப்பார்கள் பார்ப்போம் என்பது அவர்கள் எண்ணம். இரத்தசாட்சிகள் விஷயத்தில் அந்தக் கணக்குப் பலிக்கும் என்று உங்கள் உறவினர்கள் நம்புகிறார்களா? அடக்கம் செய்வது சபையின் பழைய வழக்கம், எனக்கும் அதுதான் விருப்பம். ஆனாலும் கத்தோலிக்கத் திருச்சபைகூட 1963இல் தகனத்துக்கு இருந்த தடையைத் தளர்த்திவிட்டது. மண்ணால் மனுஷனை உருவாக்கியவருக்குச் சாம்பல் ஒரு தடையாகுமா? அப்பா கேட்டபடியே செய்யுங்கள், ஜெபத்தோடு செய்யுங்கள்.

கல்லூரி மாணவன் நான். வாராவாரம் சபைக்கு வருகிறேன். ஆனால் செத்தவர் எழுந்தார் என்பதை என்னால் முழுசாக நம்ப முடியவில்லை. இந்த நிலையில் வருவது மாய்மாலமா?
— ஒரு வாசகர்

இல்லை தம்பி. உயிர்த்தெழுந்த ஆண்டவரை மற்றவர்கள் பார்த்துவிட்டார்கள், தோமா பார்க்கவில்லை. நம்பமாட்டேன் என்று முகத்துக்கு நேரே சொல்லிவிட்டார். எட்டு நாளைக்குப் பிறகு எங்கே இருந்தார்? அதே சீஷர்களோடு, அதே வீட்டுக்குள். அவர்களும் அவரை வெளியே தள்ளவில்லை, அவரும் கோபித்துக்கொண்டு போகவில்லை. மத்தேயுவின் கடைசிப் பக்கத்தைப் பாருங்கள். கலிலேயா மலையில் ஆண்டவரைப் பணிந்துகொண்ட கூட்டத்திலேயே சிலர் சந்தேகப்பட்டார்கள் என்று எழுதியிருக்கிறது. உலகமெங்கும் போங்கள் என்ற கட்டளை அவர்களுக்கும் சேர்த்துத்தான் கொடுக்கப்பட்டது. நம்புகிறவனைப்போல நடித்தால்தான் மாய்மாலம். நீங்கள் நடிக்கவில்லையே, எனக்கு எழுதியிருக்கிறீர்கள்.

யோசிக்க ஒன்று தருகிறேன். 1 கொரிந்தியர் ஏறக்குறைய கி.பி. 55இல் எழுதப்பட்டது. சிலுவை மரணம் முடிந்து கால் நூற்றாண்டுக்குள். உயிர்த்தெழுந்த ஆண்டவரைக் கண்டவர்கள் என்று அதில் பவுல் ஒரு பட்டியல் கொடுக்கிறார்: கேபா (பேதுரு), பன்னிருவர், ஐந்நூறுக்கும் அதிகமான சகோதரர்கள், யாக்கோபு, கடைசியாகத் தாம். அந்த ஐந்நூறு பேரில் பெரும்பாலோர் இன்னும் உயிரோடு இருக்கிறார்கள் என்று சேர்த்துச் சொல்கிறார். வேண்டுமானால் போய் விசாரித்துக்கொள்ளுங்கள் என்று சொல்வதுபோல இருக்கிறது எனக்கு. இதுவே எல்லாவற்றையும் நிரூபித்துவிடும் என்று சொல்லமாட்டேன். ஆனால் பல தலைமுறை கழித்து யாரோ கட்டிவிட்ட கதை என்று இதை ஒதுக்கிவிட முடியாது.

15ஆம் அதிகாரத்தை ஒரே மூச்சில், பென்சிலும் கையுமாக உட்கார்ந்து படியுங்கள். ஒத்துக்கொள்ள முடியாத வசனத்தில் கோடு போடுங்கள். ஆராதனைக்கு வருவதை மட்டும் நிறுத்தவேண்டாம். எந்த வசனத்தில் தடுக்கிறது என்று அடுத்த கடிதத்தில் எழுதுங்கள் தம்பி, அங்கிருந்து பேசுவோம்.