கமின்ஸ்கி: போலந்துப் பெயரா, யூதப் பெயரா? (கேள்வி பதில்)

கேள்வி: ஐயா, என் மருமகளின் குடும்பப் பெயர் கமின்ஸ்கி. இது போலந்துக்காரர் பெயரா, யூதர் பெயரா?

பதில்: இரண்டும்தான் அம்மா. போலிஷ் மொழியில் 'கமியென்' என்றால் கல். கமியென், கமியொன்கா என்று கல்லை வைத்துப் பெயர் பெற்ற ஊர்கள் அந்தப் பக்கம் ஏராளம். 'ஸ்கி' என்ற விகுதி 'அந்த ஊரைச் சேர்ந்தவர்' என்று காட்டும். முதலில் நிலம் வைத்திருந்த பிரபுக்கள் இப்படிப் போட்டுக்கொண்டார்கள். அப்புறம் நகரத்தாரும் குடியானவர்களும்.

யூதர்கள் கதை வேறு. அவர்களில் பெரும்பாலோர் 'ஆபிரகாமின் மகன் மோசே' என்று தந்தை பெயரோடுதான் இருந்தார்கள். தலைமுறைக்குத் தலைமுறை அது மாறும். போலந்தை ரஷ்யா, பிரஷ்யா, ஆஸ்திரியா என்ற மூன்று அரசுகள் பங்குபோட்ட காலத்தில், வரி வாங்கவும் படைக்கு ஆள் எடுக்கவும் நிலையான பெயர் தேவைப்பட்டது. ஆஸ்திரியா 1787இல், ரஷ்யா 1804இல், ரஷ்யப் பேரரசரின் கீழ், வார்சாவைத் தலைநகராகக் கொண்ட போலந்து இராச்சியம் 1821இல் ஆணை போட்டன. ஆஸ்திரியா ஜெர்மன் பெயர் கேட்டது. மற்ற இரண்டு இடங்களிலும் ஊர்ப் பெயரோடு 'ஸ்கி' சேர்வது சகஜமாக இருந்தது.

கேள்வி: அப்படியானால் கமின்ஸ்கிகள் எல்லாரும் ஒரே வம்சமா?

பதில்: இல்லை. இன்றைய போலந்தில் மட்டும் 90 ஆயிரம் பேருக்கு மேல் இந்தப் பெயர். அங்கே முதல் பத்துப் பெயர்களில் ஒன்று. கல் பெயர் கொண்ட ஒவ்வோர் ஊரிலிருந்தும் தனித்தனியாக முளைத்தது. பெயரைத் தேடாதீர்கள், ஊரைத் தேடுங்கள்.

கேள்வி: கடைசி எழுத்து ஒய் என்றால் யூதர், ஐ என்றால் கத்தோலிக்கர். சரிதானே?

பதில்: தவறு. ரஷ்ய எழுத்திலிருந்து ஆங்கிலத்துக்கு மாற்றும்போது ஒய் வரும், போலிஷில் ஐ. மதத்துக்கும் அதற்கும் சம்பந்தமில்லை. போலிஷில் பெண்ணுக்கு இதே பெயர் 'கமின்ஸ்கா' ஆகும். வார்சாவில் கிழக்கு ஐரோப்பிய யூதர்களின் மொழியான இத்திஷின் நாடக மேடையைப் போருக்குப் பிறகும் கட்டிக்காத்த இடா கமின்ஸ்கா யூதர். அவர் பெயர் போலிஷ் முறையில்தான் எழுதப்படுகிறது.

கேள்வி: ஜெர்மன் மொழியில் 'கமின்' என்றால் கணப்பு அடுப்பாமே?

பதில்: ஒலி ஒற்றுமை மட்டுமே. விகுதி ஊரைச் சுட்டுகிறது.

கேள்வி: இந்தப் பெயர்களையெல்லாம், அமெரிக்காவுக்குக் குடியேற வந்தவர்களை நியூயார்க்கில் சோதித்த எல்லிஸ் தீவு அதிகாரிகள்தான் வெட்டிச் சுருக்கினார்கள் என்று கேள்விப்பட்டேன்.

பதில்: இந்தக் கதையை நம்பாதீர்கள் தம்பி. பயணிகள் பட்டியலைக் கப்பல் நிறுவனம் புறப்படும் துறைமுகத்திலேயே எழுதிவிடும். எல்லிஸ் தீவில் அந்தப் பட்டியலை வைத்துச் சரிபார்த்தார்கள். பெயர் பின்னால்தான் மாறியது: குடியுரிமை வாங்கும்போது, நீதிமன்றத்தில், அல்லது வெறும் புழக்கத்தில்.

கேள்வி: என் நண்பரின் தாத்தாவே சொன்னாரே ஐயா! அவர் பொய்யா சொல்வார்?

பதில்: பொய் என்று நான் சொல்லவில்லை. மாறியது உண்மை, மாறிய இடம்தான் வேறு. நடிகர் டேனி கே பிறந்தபோது கமின்ஸ்கி. திரைப்பட இயக்குநர் மெல் புரூக்ஸும் அப்படியே. தாயின் பிறந்த வீட்டுப் பெயரான புரூக்மனைச் சுருக்கித் தானே வைத்துக்கொண்டார். இருவரும் பிறந்தது நியூயார்க்கின் புரூக்ளினில். எந்தத் தீவு அதிகாரியும் அவர்கள் பெயரைத் தொடவில்லை. குடும்பங்கள் தாமே எடுத்த முடிவை முகம் தெரியாத குமாஸ்தா தலையில் கட்டுவது அவர்களுக்குச் செய்யும் அநியாயம்.

கேள்வி: டிஎன்ஏ சோதனையில் தெரியுமா?

பதில்: என் துறை இல்லை. மரபணு படித்தவரைக் கேளுங்கள்.

கேள்வி: கமின்ஸ்கி என்றாலே யூதர்தானே?

பதில்: முதல் பதிலைப் படியுங்கள்.

கேள்வி: ஊரைத் தேடு என்கிறீர்கள். எப்படி?

பதில்: இதைத்தான் எதிர்பார்த்திருந்தேன். அமெரிக்கா போன குடும்பம் என்றால் குடியுரிமை மனு, கப்பல் பட்டியல், கல்லறைக் கல் மூன்றையும் பாருங்கள். ஒரே ஊர் யூதர்கள் சங்கம் வைத்துச் சேர்ந்தே கல்லறை நிலம் வாங்கினார்கள். பக்கத்துக் கல்லறைகளும் ஊரைச் சொல்லும். கமெனெட்ஸ் என்று எழுதியிருந்தால், பெலாரூஸின் பிரெஸ்ட் பக்கத்தில் உள்ளதா, உக்ரைனின் பொடோலியாவில் உள்ளதா என்று பிரித்துப் பாருங்கள். 'ரஷ்யா' என்று மட்டும் இருந்தால் தேடலை நிறுத்திவிடாதீர்கள். முதல் உலகப் போர்வரை வார்சாவும் ரஷ்யப் பேரரசில்தான் இருந்தது.