அந்தப் பதினொரு பேர் எங்கே?

கேள்வி: எங்கள் கூடைப்பந்து அணியின் ஸ்டார் ஆட்டக்காரர், விளையாட்டு ஒதுக்கீட்டில் வேலை கிடைத்துப் போன வருடம் சென்னைக்குப் போய்விட்டார். இப்போது அந்த அலுவலக அணிக்காக ஆடுகிறார். அவர் இருந்தவரை எங்கள் மின்னொளிப் போட்டிக்கு நிற்கக்கூட இடம் இருக்காது. இந்த வருடம் பாதி நாற்காலி காலி. பந்து பிடிக்கக் கற்றுக்கொடுத்த ஊரை இப்படி விட்டுப் போனது துரோகம் இல்லையா? அமெரிக்காவில் இப்படி நடந்தால் ரசிகர்கள் என்ன செய்வார்கள்? (அவர் கடைசியாக ஆடிய போட்டியின் நோட்டீஸை இணைத்திருக்கிறேன்.)
– அணிச் செயலாளர் ஒருவர், காவேரிப்பட்டணம்

பதில்: துரோகத்தை முதலில் பேசி முடித்துவிடுவோம். ஒரு பையனுக்கு மாதச் சம்பளம், பி.எஃப்., வீட்டுக்கு ஒரு நிம்மதி கிடைத்திருக்கிறது. நீங்கள் அவருக்கு என்ன கொடுத்து வந்தீர்கள்? போட்டி முடிந்ததும் ஒரு சால்வை, ஒரு கோப்பை, ராத்திரி பரோட்டா. உங்கள் மகனுக்கு அந்த வேலை கிடைத்திருந்தால் இந்தக் கடிதம் எனக்கு வந்திருக்காது. இனிப்புதான் வந்திருக்கும்.

சரி, அமெரிக்காவுக்கு வருவோம். கிளீவ்லாண்டுக்கு அடுத்த ஆக்ரன் நகரத்துப் பையன் லெப்ரான் ஜேம்ஸ். 2003-லிருந்து சொந்த மண்ணான கிளீவ்லாண்டின் கூடைப்பந்து அணிக்கு ஆடியவர். 2010 ஜூலையில், தொலைக்காட்சியில் தனி நிகழ்ச்சி வைத்து, மியாமிக்குப் போகிறேன் என்று அறிவித்தார். அன்று ராத்திரியே கிளீவ்லாண்டில் அவருடைய ஜெர்சியைக் கொளுத்தினார்கள். அணி உரிமையாளர் பகிரங்கக் கடிதம் எழுதித் திட்டித் தீர்த்தார். உங்கள் கடிதத்தைப் படித்தபோது எனக்கு அதுதான் நினைவுக்கு வந்தது.

அடுத்த சீசனில் கிளீவ்லாண்ட் அணி என்ன ஆனது தெரியுமா? முந்தைய வருடம் 82 ஆட்டத்தில் 61 வென்ற அணி, வெறும் 19-தான் வென்றது. நடுவில் தொடர்ந்து 26 தோல்வி. ஒரே ஆள் போனதற்கா இவ்வளவு என்று கேட்கலாம். கிரிக்கெட்டில் பதினொரு பேர். கூடைப்பந்தில் களத்தில் ஐந்தே பேர், அதே ஐந்து பேர்தான் தாக்கவும் வேண்டும், தடுக்கவும் வேண்டும். நல்ல ஆட்டக்காரர் முக்கால்வாசி நேரம் கோர்ட்டிலேயே இருப்பார், பந்து சுற்றிச்சுற்றி அவர் கைக்கே வரும். ஐந்தில் ஒன்று போனால் இருபது சதவீதம் போனதாகக் கணக்குப் போடக் கூடாது. மீதி நாலு பேரும் அவரை நம்பித்தான் ஓடிப் பழகியிருப்பார்கள்.

ஆனால் வேடிக்கை, அப்படித் தோற்ற அந்த சீசனிலும் கிளீவ்லாண்ட் அரங்கில் சராசரியாக ஒரு ஆட்டத்துக்கு 20,000 பேருக்கு மேல் கணக்கில் வந்தார்கள். விசுவாசம் என்று அவசரப்படாதீர்கள். சீசன் டிக்கெட்டுக்கு முன்கூட்டியே பணம் கட்டியாகிவிட்டது. அங்கே வருகைக் கணக்கு என்பது விற்ற டிக்கெட்டின் கணக்கு, உட்கார்ந்த ஆளின் கணக்கு அல்ல. அதற்கடுத்த வருடம் டிக்கெட்டைப் புதுப்பிக்க வேண்டி வந்தபோதுதான் நிஜம் வெளிவந்தது: சராசரி 16,000-க்கும் கீழே இறங்கியது. ஸ்டார் போன சேதம் வாசலில் தெரிய அங்கே ஒரு வருடம் பிடிக்கும். உங்களுக்கு அந்தத் திரையும் இல்லை. இலவசப் போட்டி, பிடிக்காதவர் அன்றைக்கே வீட்டோடு இருந்துவிடுவார். ஒருவகையில் உங்கள் காலி நாற்காலி அவர்களுடைய புள்ளிவிவரத்தைவிட நேர்மையானது.

எல்லா ஊரிலும் கோபம் ஆட்டக்காரர் மேல்தான் பாயும் என்றும் இல்லை. 2025 பிப்ரவரியில் டாலஸ் நிர்வாகம் லூகா டான்சிச் என்ற 25 வயதுப் பையனை லாஸ் ஏஞ்சலஸ் அணிக்குக் கொடுத்துவிட்டது. அதற்கு எட்டு மாதம் முன்புதான் அவர் டாலஸ் அணியை இறுதிப் போட்டிவரை இழுத்துக்கொண்டு போயிருந்தார். ரசிகர்கள் அரங்கத்து வாசலுக்குச் சவப்பெட்டியே கொண்டு வந்துவிட்டார்கள். பொது மேலாளரை வேலையை விட்டுத் தூக்கு என்பது ஒவ்வொரு ஆட்டத்திலும் கோஷமானது. ஏப்ரலில் டான்சிச் எதிரணி ஜெர்சியில் வந்து 45 பாயின்ட் எடுத்தபோது டாலஸ்காரர்களே எழுந்து நின்று கைதட்டினார்கள். நவம்பரில் அந்த மேலாளர் பதவி இழந்தார். தானாகப் போனவரைத் திட்டிய அதே நாட்டில், அனுப்பி வைத்தவனைத் திட்டினார்கள். உங்கள் விஷயத்தில் யாரும் யாரையும் திட்டவில்லை, வராமல் இருந்துவிட்டார்கள். செயலாளராக இருந்தால் எனக்கு அதுதான் அதிகம் வலிக்கும்.

சிகாகோ கதை வேறு. 1999 தொடக்கத்தில் அந்த ஊர் அணியின் ஸ்டார் மைக்கேல் ஜோர்டான் ஓய்வு பெற்றார். அணி தரைமட்டம், 1999–2000 சீசனில் 82-க்கு 17 வெற்றி. அப்போதும் அரங்கம் நிரம்பியது. ஆறு கோப்பை பார்த்த ஊர் அது, அந்த இடத்தில் உட்கார்வதே வீட்டு வழக்கமாகிவிட்டது. அந்த வழக்கம் ஜோர்டானால் வந்ததுதான். ஆனால் அவர் போனவுடனே போய்விடவில்லை.

இதைப் புரிந்துகொள்ள நீங்கள் சிகாகோ போக வேண்டாம், தர்மபுரிப் பக்கம் ஒரு பாரதக் கூத்துக்குப் போனால் போதும். துரியோதனன் வேஷம் கட்டுகிறவர் பேர் பெற்றவர் என்றால் பத்து ஊர் தள்ளியிருந்து டிராக்டர் கட்டிக்கொண்டு வருவார்கள். அவர் வேறு குழுவுக்குப் போய்விட்டால் டிராக்டர்கள் வராது. ஆனால் துரியோதனன் சாயும் படுகளத்தன்று உள்ளூர்ச் சனம் ஒன்றும் குறையாது. தலைக்கட்டு வரி கொடுத்தவர்கள் அவர்கள், ராத்திரி முழுக்கக் கண் விழித்தவர்கள். வேஷக்காரர் யாரோ, கூத்து அவர்களுடையது.

உங்கள் போட்டிக்கு வந்தது எல்லாமே டிராக்டர் கூட்டம். நோட்டீஸைப் பார்த்தேன். ஸ்டார் ஆட்டக்காரர் நோட்டீஸில் பாதி. கீழே நன்கொடையாளர்கள் இருபத்தாறு பேர், எல்லோருக்கும் படம். கட்சிக்காரர்கள் நாலு பேர் கும்பிட்டபடி. மீதிப் பதினொரு ஆட்டக்காரர்களுக்கு ஒரே ஒரு வரி, 'மற்றும் வீரர்கள்' என்று. அந்தப் பையன்களின் அம்மாக்களாவது போட்டிக்கு வந்தார்களா? அவர்களுக்கு உட்கார இடம் போட்டீர்களா? மாலையில் கோர்ட் ஓரம் நின்று பந்து பொறுக்கிப் போடும் பள்ளிக்கூடப் பிள்ளைகளுக்கு யாராவது ஓடி வந்து எம்பிக் கூடையில் பந்து போடும் லே-அப் சொல்லிக்கொடுக்கிறார்களா? ஆளில்லை என்று சொல்லாதீர்கள். சென்னைக்குப் போனவர் பொங்கலுக்கு ஊருக்கு வருவார்தானே? துரோகி என்று முறைக்காமல், இரண்டு நாள் வந்து கோர்ட்டில் நில்லப்பா என்று கேட்டுப் பாருங்கள். வராமல் போக மாட்டார்.

அப்புறம், அடுத்த போட்டி நோட்டீஸ் அச்சடித்ததும் எனக்கு ஒன்று அனுப்புங்கள். அந்தப் பதினொரு பேரின் பெயரையும் தெரிந்துகொள்கிறேன்.